பதினேழு நாள் கணக்கு

முகப்பேர், சென்னை
12.12.2025

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கார்த்திகை தீபத்தன்றே கைக்கு வந்துவிட்டது. மழை, தெருவில் தண்ணீர், முழங்கால் வலி என்று தாமதத்துக்கு எதை வேண்டுமானாலும் சாக்காகச் சொல்லலாம். உண்மையில் நம் கடிதச் செஸ் ஆட்டத்தில் நீ நகர்த்திய குதிரைக்குப் பதில் தெரியாமல் பலகையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

பேத்தி உன்னைத் தோற்கடிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். சந்தோஷம். ஆனால் உன்னைத் தோற்கடிப்பது 1981லேயே அப்படியொன்றும் பெரிய காரியமில்லை. ஆழ்வார்பேட்டை சோவியத் பண்பாட்டு மையத்தில் டால் செஸ் கிளப் ஞாபகமிருக்கிறதா? ஜெயித்தவன் உட்கார்ந்திருப்பான், தோற்றவன் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். நீயும் நானும் அங்கே உட்கார்ந்ததைவிட நின்றதுதான் அதிகம். நாம் காயைத் தொட்டு எடுப்பதற்குள் அடுத்ததைப் போட்டுவிட்டு, வேடிக்கை பார்க்க எழுந்து போய்விடும் அந்தப் பொடிப்பையன் விஸ்வநாதன் ஆனந்துக்கு நேற்று 56 வயது முடிந்தது. செஸ்ஸின் உச்சப் பட்டமான கிராண்ட்மாஸ்டர் அவருக்கு வந்தது 1988இல், 18 வயதில். இந்தியாவுக்கே அவர்தான் முதல். இரண்டாவது ஆள் வர 1991 ஆயிற்று. இன்றைக்கு எண்ணிக்கை 80ஐத் தாண்டிவிட்டது.

அதே 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன். சிங்கப்பூரில் அப்போதைய சாம்பியன், சீனாவின் டிங் லிரனை 14ஆவது ஆட்டத்தில் ஜெயித்து, சரியாக ஒரு வருஷம் ஆகிறது இன்றோடு. உன் மருமகன் அந்தப் பையனைக் காட்டித்தானே, பேத்தியைப் பள்ளியிலிருந்து நிறுத்தி முழுநேரச் செஸ்ஸில் விடலாம் என்கிறார்? அவர் பார்த்தது கோப்பையை. நான் இந்தப் பக்கத்திலேயே குடியிருப்பதால் அதற்கு முந்தைய கதை கொஞ்சம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். இன்னொரு கிராண்ட்மாஸ்டர் பிரக்ஞானந்தா வீடு பாடி. குகேஷ் படித்த மேல் அயனம்பாக்கம் பள்ளி எங்களுக்குக் கூப்பிடு தூரம். எங்கள் தெரு ஸ்டேஷனரி கடையில்கூட இப்போது செஸ் கடிகாரம் தொங்குகிறது.

குகேஷ் காய்களைத் தொட்டது 2013இல், ஏழு வயதில். வாரத்துக்கு மூன்று நாள், நாளைக்கு ஒரு மணி நேரம், அவ்வளவுதான். அந்த நவம்பரில்தான் ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் உலகப் பட்டப் போட்டி நம்ம ஊரில் நடந்தது. கண்ணாடி அறைக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து ஆட, பார்வையாளர் வரிசையிலிருந்து இந்தப் பையன் உள்ளே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஆனந்த் தோற்று, பட்டம் நார்வேக்குப் போன போட்டி அது. ஜெயித்த போட்டியாக இருந்தால் நாமெல்லாம் ஆடியிருப்போம். நம்ம ஆள் தோற்ற போட்டியைப் பார்த்துவிட்டு வந்தும் ஒரு குழந்தை விடாமல் ஆடுவது வேறு ரகம் என்று எனக்குத் தோன்றும்.

நான்காம் வகுப்புக்குப் பிறகு அவனுக்கு முழுநேரப் பள்ளி இல்லை. மருமகன் பிடித்துக்கொண்டது இந்த ஒரு வரியைத்தான். அதன் அடுத்த வரியையும் அவரிடம் சொல். அப்பா காது மூக்கு தொண்டை டாக்டர். பையனைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போட்டிக்குப் போவதற்காகத் தொழிலையே நிறுத்தினார். வீடு அம்மாவின் சம்பளத்தில் ஓடியது. நண்பர்கள் பணம் கொடுத்து உதவினார்கள். கிராண்ட்மாஸ்டர் ஆவதென்றால் ஆட்டத் திறமைக்குத் தரும் புள்ளியான ரேட்டிங் 2500ஐத் தொட வேண்டும், மூன்று நார்ம் வேண்டும். நார்ம் என்றால் ஒரு போட்டி முழுக்க 2600 தரத்துக்கு ஆடியிருக்க வேண்டும், எதிரிகளில் குறைந்தது மூன்று பேர் கிராண்ட்மாஸ்டர்கள், வெளிநாட்டுக்காரர்கள் இத்தனை பேர் என்று கணக்கு வேறு. அந்தக் கூட்டம் எங்கே கூடுகிறதோ அங்கே போயாக வேண்டும். விமான டிக்கெட், அறை, சாப்பாடு எல்லாம் இரண்டு பேருக்கு. பையனைத் தனியாக அனுப்ப முடியுமா?

அவனுக்குப் பட்டம் கிடைத்த நாள் 2019 ஜனவரி 15. பொங்கல்! ஊரே பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க, டெல்லியில் குளிரில் உட்கார்ந்து கடைசி நார்மை முடித்தான். வயது 12 வருஷம், 7 மாதம், 17 நாள். உக்ரைன் பையன் கர்யாகின் சரியாக 12 வருஷம் 7 மாதத்தில் வாங்கியதுதான், மிகச் சின்ன வயதுக் கிராண்ட்மாஸ்டர் என்ற அப்போதைய உலக சாதனை. பதினேழு நாளில் போயிற்று. அதற்கு எத்தனை பேர் உச்சுக் கொட்டினார்கள் தெரியுமா? நானும் ஒருத்தன். பால்காரரிடம்கூடப் புலம்பினேன். அப்புறம் 2021இல் அபிமன்யு மிஸ்ரா என்ற அமெரிக்கப் பையன் 12 வருஷம் 4 மாதம் 25 நாளில் வாங்கி, கர்யாகின் சாதனையையே துடைத்துவிட்டான். குகேஷ் அந்த 17 நாளை முந்தியிருந்தாலும் சாதனை இரண்டரை வருஷம்தான் அவன் பெயரில் இருந்திருக்கும். இந்த நாள் கணக்கெல்லாம் நம்மைப்போல் வெளியே நிற்கும் பெரியவர்களுக்கு.

என்னைக் கேட்டால் அவனுடைய ஆரம்ப வருஷங்களில் பெரிய விஷயம் வேறு. அவன் கோச் விஷ்ணு பிரசன்னா, கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை அவனைக் கம்ப்யூட்டர் எஞ்சின் பக்கமே விடவில்லை. இப்போது எந்த ஆட்டத்தை ஃபோனில் போட்டாலும் எஞ்சின் சரியான நகர்த்தலைக் கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருப்பது மாதிரி. அதைப் புரட்டாமல், தலைக்குள்ளேயே காயை நகர்த்திப் பார்த்து, தப்பாகப் போய், திரும்பி வந்து, மறுபடி நகர்த்திப் பழகியிருக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் கவினை ஒன்பது வயதுக்குட்பட்டோர் போட்டிக்கு அழைத்துப் போனேன். நடுவர் "பேரண்ட்ஸ் எல்லாம் வெளியே" என்றதும் ஹாலைவிட வராண்டா நிரம்பிவிட்டது. மாடிப்படியில் தயிர்சாத டப்பாவோடு அம்மாக்கள், மடியில் லேப்டாப்போடு ஓர் அப்பா. கதவு திறந்தால் அத்தனை தலையும் திரும்பும். யாரும் "ஜெயிச்சியா" என்று கேட்பதில்லை. பிள்ளை செருப்பைத் தேடும் விதத்திலேயே தெரிந்துவிடும். ஒரு பையன் அழுதுகொண்டு வந்தான். அவன் அப்பா எல்லார் முன்னாலும், "இதுக்கா இவ்வளவு ஃபீஸ் கட்டறேன்?" என்றார். அந்தப் பையன் இன்னொரு செருப்பைக் கடைசிவரை கண்டுபிடிக்கவே இல்லை, அவன் அம்மாதான் எடுத்துக் கொடுத்தாள்.

நம்ம ஆள் நான்காவது ரவுண்டில் ராணியைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டுத் தோற்றான். நான் பஜ்ஜி வாங்கித் தந்து சமாதானப்படுத்தலாமா என்று யோசித்துக்கொண்டு பஸ் ஏறினேன். இந்த வேக ஆட்டங்களில் நகர்த்தலை எழுதி வைக்க வேண்டியதில்லை, கையில் காகிதமும் கிடையாது. அவன் பாட்டுக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் நகர்த்தலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தான். பாடி பாலம் தாண்டும்போது, "தாத்தா, ராணி போனது அப்புறம்தான். அதுக்கு ரெண்டு மூவ் முன்னாடி யானையைத் தள்ளியிருக்கணும்" என்றான். வீட்டுக்கு வந்து பலகையில் வைத்துப் பார்த்தோம். அவன் சொன்னது சரி.

இங்கே ஒரு பயிற்சி மையத்தில் "ஐந்து வருடத்தில் கிராண்ட்மாஸ்டர்" என்று நோட்டீஸ் கொடுத்து என்னிடம் ஒரு வருஷப் பணத்தை முன்கூட்டியே வாங்கினார்கள். மூன்று மாதத்தில் கோச் நின்றுவிட்டார். பணம் இன்னும் வரவில்லை. மருமகனிடம் அதையும் சொல்லி வை.

பேத்தியை அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். ஒரு வருஷம் போட்டிகளுக்குக் கூட்டிப் போ. நீயே போ, மருமகன் வேண்டாம். ஜெயிக்கிற அன்று பார்க்காதே. தோற்ற அன்று, யாரும் சொல்லாமல் தானாகப் பலகைக்குப் பக்கத்தில் போகிறாளா என்று பார்த்து எனக்கு எழுது. போகவில்லை என்றாலும் ஒன்றும் குடி முழுகிப் போகாது. நாமும்தான் போகவில்லை, பென்ஷன் வாங்கிக்கொண்டு நன்றாகத்தானே இருக்கிறோம்.

லட்சுமிக்குக் கண் ஆபரேஷன் தை பிறந்து வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அல்வா அனுப்புவதாக எழுதியிருந்தாய். எனக்குச் சர்க்கரை என்பதால் கால் கிலோவுக்கு மேல் வேண்டாம்.

சரி, உன் குதிரைக்கு வருகிறேன். என் ராஜாப் பக்க யானை ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்கிறது. கவினிடம் கேட்கவில்லை, ஃபோனிலும் போட்டுப் பார்க்கவில்லை. நீயும் பேத்தியிடம் காட்டாதே.

உன்
கோபால்