ஜெபிப்பதில்லையா என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் உளவளத்துணை (கவுன்சலிங்) பயிற்சிநெறியில் மீண்டும் சேர விண்ணப்பித்திருப்பதாகவும், முன்னைய மேற்பார்வையாளர் என்ற வகையில் என் கருத்தை எழுத்தில் தருமாறும் கேட்டு வந்த கடிதம் பல வாரங்களாக என் மேசையில் கிடந்தது. கடந்த வெள்ளிக்கிழமை பதிலை அனுப்பிவிட்டேன். அதை உங்களுக்குக் காட்டமாட்டார்கள் என்பதால் நானே சொல்கிறேன். உங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறேன். என்ன நிபந்தனையுடன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இதைத் தனிக்கடிதமாக எழுதியிருக்கலாம். ஆனால் நான் விசுவாசத்தை அடகு வைத்தவள் என்று நீங்கள் பேசிய குரல் பதிவு ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை வரைக்கும் மலையகத்தின் ஒவ்வொரு வாட்ஸ்அப் குழுவாகச் சுற்றிவிட்டு, கடைசியில் எங்கள் அலுவலக லிகிதரின் கைப்பேசியில் வந்து நின்றது. ஆகவே பதிலும் நாலு பேர் பார்க்கும் இடத்திலேயே இருக்கட்டும். நாலு பேர் பார்க்கும் இடம் என்பதாலேயே சிலவற்றை எழுத முடியாது. நீங்கள் ஜெபித்த அந்த அமர்வுக்கு வந்தவர் யார், எந்தத் தோட்டம், என்ன பிரச்சினை என்று துருவிக்கொண்டு இங்கே வருபவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. ‘மதமாற்றம்’ என்று கூச்சலிடக் காரணம் தேடித் திரிபவர்களுக்கும் இதில் எதுவும் இல்லை. 2004இல் இலங்கையில் மதமாற்றத் தடைச் சட்டமூலம் பேசப்பட்ட நாட்களில் சிறிய சபைகள் எவ்வளவு பயந்துபோயிருந்தன என்பதைப் பார்த்தவள் நான். இந்தக் கடிதம் அந்த அடுப்புக்கு விறகாகாது.

நாம் மேற்பார்வைக்காகச் சந்தித்த அந்தப் பிற்பகலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தகரக் கூரையில் மழை கொட்டியதால் நாம் இருவரும் குரலை உயர்த்தியே பேச வேண்டியிருந்தது. சொல்லுக்குச் சொல் எழுதிய அமர்வுப் பதிவை நீங்கள் என் முன்னால் வைத்தீர்கள். நான் மேற்பார்வை செய்த பயிலுனர்களில் அப்படி ஒளிவுமறைவின்றி எழுதியவர்கள் மிகக் குறைவு என்பதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பகுதியை எழுதாமலே விட்டிருப்பார்கள். நீங்களோ, உதவி நாடி வந்த பெண்ணைத் துணைநாடி என்று நம் துறைச் சொல்லால் குறித்து, ‘இந்த இடத்தில் துணைநாடிக்காக ஜெபித்தேன், அவர் சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டார்’ என்று தெளிவான கையெழுத்தில் எழுதியிருந்தீர்கள். அவருடைய மனம் திறந்துகொண்டதற்கான அடையாளம் அது என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் இருந்தது.

துணைநாடியின் வரிகளை மட்டும் சத்தமாக வாசியுங்கள் என்றேன். பேனை முனையால் வரிகளைத் தொட்டபடி வாசித்தீர்கள். முதல் பக்கங்களில் அவருடைய பேச்சு நீண்டு நீண்டு ஓடியது. ஒரு பதில் பக்கத்தின் பாதியை நிரப்பியிருந்தது. ஜெபத்துக்குப் பிறகு இருந்தவை இவ்வளவுதான்: ‘சரிங்க சேர்.’ ‘ஆமாங்க.’ ‘நீங்க சொன்னா சரிதாங்க.’ ‘சரிங்க சேர்.’ இடையில் உங்கள் பேச்சு மட்டும் பத்தி பத்தியாக இருந்தது. மூன்றாவது ‘சரிங்க’வில் உங்கள் குரல் இறங்கிவிட்டதைக் கவனித்தேன். நீங்களும் கண்டுகொண்டீர்கள் என்றே இன்றும் நம்புகிறேன். உடனே கோப்பை மூடிவிட்டு, ‘நீங்க ஜெபிக்கிறதே இல்லையா மிஸ்?’ என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல், அடுத்த சந்திப்புக்குத் திகதி குறிக்கலாமா என்று கேட்டேன். அந்தத் திகதிக்கு நீங்கள் வரவில்லை.

என் மௌனம் உங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள். ஆனால் அன்று நான் வாய் திறந்திருந்தால் பேச்சு முழுவதும் என்னுடைய விசுவாசத்தைப் பற்றியதாகிவிட்டிருக்கும், அந்தப் பெண் பேச்சை நிறுத்திக்கொண்ட இடத்துக்கு நாம் திரும்பியே இருக்கமாட்டோம். மேற்பார்வை அறையில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருப்பவர் துணைநாடி. அவருக்கு அங்கே குரல் இல்லை என்பதால் அவருடைய இடத்தைக் காப்பது மேற்பார்வையாளரின் வேலை. அதை இன்றும் அப்படியேதான் செய்வேன்.

இப்போது அந்த இடம் காலியாக இருக்கிறது, பதில் சொல்லலாம். செபிக்கிறேன், தம்பி. வந்தவர் போன பின்னர், பதிவேட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டிய பின்னர், பஸ்ஸுக்கு இறங்குவதற்கு முன்னர் செபிக்கிறேன். அவர் இன்ன முடிவை எடுக்க வேண்டும் என்று கடவுளிடம் கேட்பதில்லை; பல நாட்களில் பெயரைச் சொல்வதோடு சரி. கத்தோலிக்கப் பெண்ணான எனக்கு இது எளிதாக வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை; என் திருச்சபையோ அதைவிட இறுக்கமானது. வேண்டாத கர்ப்பத்தோடு ஒருத்தி என் முன்னால் உட்கார்ந்து அழும்போது, சட்டம் என்ன சொல்கிறது என்பதை மறைக்காமல் சொல்வது என் கடமை. என் திருச்சபை என்ன சொல்கிறது என்பதை அவள் கேட்காமல் சொல்வது என் கடமை அல்ல. அந்தச் சில நிமிடங்களில் தொண்டையில் வந்து நிற்பதை விழுங்கப் பழகுவதற்குத்தான் மேற்பார்வை என்ற ஒன்று இருக்கிறது. அதற்கு நீங்கள் கொடுத்த பெயர் ‘விசுவாசத்தை அடகு வைத்தல்’.

அந்தக் குரல் பதிவில், துணைநாடியை மையமாகக் கொண்ட உளவளத்துணையை உருவாக்கிய கார்ல் ரொஜர்ஸ் கடவுளை அறியாதவர் என்றும் சொல்லியிருந்தீர்கள். அவர் கண்டிப்பான கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்து, 1924இல் நியூயோர்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் சேர்ந்து, இரண்டு ஆண்டுகள் அங்கே படித்துவிட்டு உளவியல் பக்கம் வந்தவர். குறிப்பிட்ட ஒரு கோட்பாட்டை நம்பியே ஆகவேண்டும் என்ற தொழிலில் தன்னால் இருக்க முடியாது என்று உணர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். உடன்பட வேண்டாம். வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

அதன் பிறகு எனக்கு மதச் சுதந்திரத்தைப் பற்றிய அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையையும், 14(1)(உ) என்று நம் தமிழ்ப் பிரதிகளில் வரும் பிரிவையும் அனுப்பினீர்கள். கூடவே மிச்சிகனில் ஜூலியா வோர்ட் என்ற மாணவியின் வழக்கையும் அனுப்பினீர்கள். ஒருபால் உறவு கொண்டிருந்த ஒரு துணைநாடியை வேறொருவரிடம் அனுப்பும்படி கேட்டதற்காக 2009இல் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட அவருக்கு, வழக்கை விசாரணைக்குக் கொண்டுபோகும் உரிமை உண்டு என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் சொன்னது; பின்னர் அது சமரசத்தில் முடிந்தது. உண்மைதான். ஜோர்ஜியாவில் ஜெனிபர் கீற்றன் என்ற மாணவியின் வழக்கில் 2011இல் இன்னொரு மேன்முறையீட்டு நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றதை மட்டும் நீங்கள் அனுப்பவில்லை. அமெரிக்க உளவளத்துணைச் சங்கம் 2014இல் தன் ஒழுக்கக்கோவையைத் திருத்தி, உளவளத்துணையாளரின் சொந்த விழுமியங்களை மட்டும் காரணமாகக் காட்டித் துணைநாடியை வேறிடத்துக்கு அனுப்பக்கூடாது என்று எழுதியதையும் நீங்கள் அனுப்பவில்லை.

அதைவிட, அந்த வழக்குகள் பயிலுனரின் உரிமை பற்றியவை. நமக்கு முன்னால் உட்காருபவர் நிலைமையே வேறு. வேறொருவரிடம் போங்கள் என்று நாம் சொன்னால், தமிழில் பேசக்கூடிய அந்த வேறொருவர் அடுத்த நகரத்தில் இருப்பார். அங்கே போய்வர ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம் போகும். தோட்டத்தில் காரணம் சொல்ல வேண்டும். சொன்ன மாலையே லயன் (தொழிலாளர் வரிசை வீடுகள்) முழுவதும் பேச்சாகும். போகமாட்டார், ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த இருநூறு ஆண்டுகளை 2023இல் நினைவுகூர்ந்த சமூகம் நாம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் பெரியதுரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும், டிஸ்பென்சரி ஐயாவுக்கும், தொழிற்சங்கத் தலைவருக்கும், கோயில் ஐயருக்கும், பாஸ்டருக்கும் ஒரே விதமாகத் தலையாட்டிப் பழகிய மனிதர்கள் கவுன்சலிங் மிஸ்ஸுக்கும் சேருக்கும் அப்படித்தான் தலையாட்டுவார்கள். ‘ஜெபிக்கட்டுமா என்று கேட்டேன், சம்மதித்தார்’ என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். லயனில் பிறந்த உங்களுக்கு அந்தச் சம்மதம் எப்படிப்பட்டது என்று நான் சொல்லித்தர வேண்டியிருந்ததுதான் எனக்குக் கோபம். வெளியூரிலிருந்து வந்த பயிலுனர் என்றால் பொறுத்திருப்பேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு உங்கள் அம்மாவைப் பற்றிப் பேசாமல் விட்டால் அது நியாயமாகாது. நீங்களே சபையில் பலர் முன்னிலையில் சாட்சியாகச் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொல்லும் எழுதமாட்டேன். தற்கொலை முயற்சி குற்றமல்ல என்று 1998இலேயே சட்டம் மாறிவிட்டது. அதற்குப் பின்னரும், மருந்து (நஞ்சு) குடித்த பெண் என்றால் வைத்தியசாலை விடுதியில் எல்லோருடைய முகமும் சுவர்ப் பக்கம் திரும்பும். அந்த நாட்களில் அவர் கட்டிலருகே பாயைப் போட்டு, இரவும் பகலும் மாறி மாறி இருந்தவர்கள் ஜெபவீட்டுப் பெண்கள். எங்கள் துறையிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஆகவே ஜெபம்தான் பிழைக்க வைக்கும் என்று நீங்கள் நம்புவதைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்தப் பெண்கள் அவரிடம் முதலில் என்ன செய்தார்கள் என்று நீங்கள் சொன்னதை ஞாபகப்படுத்திப் பாருங்கள்: சுடுதண்ணீர் கொண்டுவந்தார்கள், தலை வாரிவிட்டார்கள், அவர் பேசும் வரைக்கும் காத்திருந்தார்கள். ஜெபிக்கச் சொல்லிக் கேட்டவர் உங்கள் அம்மா.

இன்னொன்றில் நீங்கள் சொன்னது சரி. செவ்வாய் தோஷத்துக்குச் சாத்திரம் பார்க்கச் சொன்ன பயிலுனரையும், எல்லாம் போன பிறப்பின் கர்மவினை என்று ஆறுதல் சொன்னவரையும் யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை என்றீர்கள். அவை ‘நம் பண்பாடு’ என்று கடந்துபோயின. உங்கள் ஜெபம் மட்டும் கோப்பில் ஏறியது. அவர்கள் என் மேற்பார்வையில் இல்லை என்று நான் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் அது தப்பித்தல்தான். பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பிய கடிதத்தில் இதையும் எழுதியிருக்கிறேன்: எந்தச் சமயத்தவராயினும், துணைநாடி தானாகக் கேட்காதவரை வழிபாடோ நேர்த்தியோ சாத்திரமோ அமர்வுக்குள் வரக்கூடாது என்பதைப் பயிலுனர் கைந்நூலில் எல்லோருக்கும் பொதுவாகச் சேர்க்க வேண்டும். துணைநாடி தானாகக் கேட்டால் அது எந்தத் தெய்வமானாலும் அவருடைய பலமாகக் கொண்டு பேசவேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதினேன். உங்கள் பெயரைப் போடவில்லை.

நிபந்தனைகள் இவை. மேற்பார்வையுடனான அமர்வுகளை நீங்கள் முதலிலிருந்து செய்யவேண்டும். ஒவ்வொன்றின் பதிவையும் முன்புபோலவே மறைக்காமல் எழுதவேண்டும். மேற்பார்வையாளர் நானாக இருக்கக்கூடாது. கடைசி நிபந்தனை உங்களுக்காக மட்டுமல்ல. உங்கள் குரல் பதிவில் என் மகளை இழுத்தீர்கள். அவள் முருகன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டதையும், நான் அங்கே போய் நின்றதையும், என் விசுவாசத்துக்கு எதிரான சான்றாகச் சொன்னீர்கள். அன்று காலையில் நான் எப்படிப் போய் நின்றேன் என்பது உங்களுக்குத் தெரியாது, இங்கேயும் சொல்லப்போவதில்லை. அதைக் கேட்ட பிறகு உங்கள் கோப்பைத் திறந்து நிதானமாகக் குறிப்பு எழுத என்னால் முடியுமா என்று என்னையே கேட்டேன். முடியாது.

என்னைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் இருக்கட்டும், யாரும் கேட்கட்டும். மகளைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிட்டு, அந்தப் பதிவை எந்தெந்தக் குழுக்களுக்கு அனுப்பினீர்களோ அவற்றுக்கெல்லாம் திருப்பி அனுப்புங்கள். வகுப்பு தொடங்குவதற்கு முன்னர் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
மிஸ்