ஜின் போலை ஏன் இனி தனியா விக்கிறதில்ல

வணக்கம்ங்க,

போன மாசத்துல இருந்து நம்ம கடையில ஜின் போல் (பாய்ப் படகோட மாஸ்ட்டை, அதாவது பாய்மரத்தை, தூக்க உதவற கம்பு) மட்டும் தனியா கேட்டா தர்றதில்ல, கூட ரெண்டு பேபி ஸ்டேயும் (மாஸ்ட் பக்கவாட்டுல சாயாம பிடிக்கிற கம்பி) வாங்கினாத்தான் தர்றோம். விலை ஏறிடுச்சேன்னு நிறைய பேர் போன்ல வருத்தப்பட்டீங்க, கேக்க வேண்டிய கேள்விதான், அதனால காரணத்தை எல்லாருக்கும் சேத்து எழுதறேன்.

உங்கள்ல நிறைய பேர்கிட்ட இருக்கிறது காட்டலினா 22 பாய்ப் படகு. மாஸ்ட் சுமார் 25 அடி, அலுமினியம், கேபின் கூரை மேல, கதவுல இருக்கிற மாதிரி ஒரு கீல்ல நிக்குது. படுத்திருக்கிற மாஸ்ட்டை தூக்கும்போது பாரமெல்லாம் ஆரம்பத்துலதான், அதுவும் முன்னாடி நின்னு வெறும் ஃபோர்ஸ்டேயை (மாஸ்ட் மேல இருந்து படகோட மூக்குக்கு வர்ற கம்பி) இழுத்தீங்கன்னா கம்பியும் மாஸ்ட்டும் கிட்டத்தட்ட ஒரே கோட்டுல இருக்கும், எவ்வளவு இழுத்தாலும் அது மாஸ்ட்டை தூக்காது, கீலை நோக்கி அழுத்தும், அவ்வளவுதான். மாஸ்ட் அடியில ஆறடி கம்பு ஒண்ணை செங்குத்தா நிறுத்தி அதோட நுனி வழியா இழுத்தா அதே இழுப்பு மாஸ்ட்டை தூக்கும். அதுதான் ஜின் போல். மெயின்ஷீட் (பெரிய பாயை இழுக்கிற கயிறு) புல்லியையே முன்னாடி மாட்டிக்கிட்டா ஒரே ஆள் நிதானமா ஏத்திடலாம்.

இதுல ஒரு குறையும் இல்ல. ஆபத்து பக்கவாட்டுலதான் இருக்கு. ரெண்டு பக்க ஷ்ரவுடும் (மாஸ்ட்டை இடம் வலமா பிடிக்கிற கம்பி) மாஸ்ட் முழுசா நிமிந்தாத்தான் இறுகும், ஏன்னா அதுங்களை மாட்டியிருக்கிற இடம் கீலை விட கீழ, டெக்ல இருக்கு, அதனால பாதி ஏறுற வரைக்கும் தொளதொளன்னு தொங்கும், அந்த நேரத்துல மாஸ்ட் இடம் வலமா சாயாம பிடிச்சுக்க எதுவுமே கிடையாது, ஜின் போலும் அதே மாதிரி ஆடும்.

இந்த வசந்தத்துல டல்லஸ் பக்கத்துல லேக் ரே ஹப்பர்ட் ஏரியில படகு இறக்கற ராம்ப்ல நம்ம கஸ்டமர் ஒருத்தர் ஏத்தும்போது நானும் பக்கத்துல இருந்தேன். மாஸ்ட் பாதி உயரம் வந்தப்ப தெக்குல இருந்து ஒரு காத்து, ட்ரெய்லர் குறுக்கால நின்னுச்சு, மாஸ்ட் அப்படியே சாஞ்சு கீல் முறுக்கி ஸ்பிரெடர் (ஷ்ரவுடை மாஸ்ட்ல இருந்து தள்ளிப் பிடிக்கிற குறுக்குக் கம்பு) தரையில போய் வளைஞ்சிருச்சு. அவர் பையன் அந்தப் பக்கம்தான் நின்னுட்டிருந்தான், ரெண்டு அடி தள்ளி இருந்ததால தப்பிச்சான். அந்த ஜின் போல் நாங்க வித்தது. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. தனியா வித்தது எங்க தப்பு.

பேபி ஸ்டேன்னா மாஸ்ட்டோட கொஞ்ச உயரத்துல இருந்து ரெண்டு பக்கமும் வர்ற கம்பி. அதோட கீழ் நுனியை ஒரு வளையத்துல மாட்டி, அந்த வளையத்தை சரியா கீலோட உயரத்துல, கீலோட நேர்ல நிறுத்தறோம். அங்கதான் விஷயமே இருக்கு, அங்க இருந்தா மாஸ்ட் எந்தக் கோணத்துல இருந்தாலும் தூரம் மாறாது, ஏத்தி முடிக்கிற வரைக்கும் கம்பி இறுக்கமாவே இருக்கும்.

இன்னும் சிலது. ஏத்தறப்ப ஷ்ரவுட் அடியில இருக்கிற டர்ன்பக்கிள் (கம்பியை இறுக்கற திருகு) மடங்கி சிக்கிக்கும், பாக்காம இழுத்தா போல்ட் வளையும், வளைஞ்சதை நிமித்தி மறுபடி போடாதீங்க, மாத்திடுங்க. ஏறலன்னா பலமா இழுக்காதீங்க, நிறுத்திட்டு எங்க மாட்டியிருக்குன்னு ஒவ்வொரு கம்பியா பாருங்க. இறக்கும்போது முன்பக்க லோயர் ஷ்ரவுட் (மாஸ்ட்டோட பாதி உயரத்துல இருந்து வர்ற கம்பி) ரெண்டையும் கழட்டணும், ஃபோர்ஸ்டே பின்னை மட்டும் ஜின் போல் கயிறு பாரத்தை வாங்கினதுக்கு அப்புறம்தான் கழட்டணும். வண்டி மட்டமான தரையில, மூக்கு காத்தை பாத்து நிக்கட்டும், மாஸ்ட் விழற பாதையில யாரும் நிக்க வேண்டாம்.

எல்லாத்துக்கும் முன்னாடி தலையை தூக்கி மேல பாருங்க. கரண்ட் வயர் பக்கத்துல இருந்தா அங்க ஏத்தவே ஏத்தாதீங்க, மாஸ்ட் நின்ன பிறகு ட்ரெய்லரை நகத்தறப்பவும் அதே கவனம் வேணும். அலுமினியத்துல கரண்ட் பாயும்.

முன்னாடி எங்ககிட்ட ஜின் போல் மட்டும் வாங்கினவங்க போட்டை கடைக்கு கொண்டு வாங்க, கம்பிக்கு மட்டும் காசு கொடுங்க, அளந்து வெட்டி மாட்டற கூலி வேண்டாம். வர்றதுக்கு முந்தின நாள் ஒரு போன் போட்டுட்டு வாங்க, மாஸ்ட்டை ஒரு தடவை ஏத்தி இறக்கி காட்ட ஒரு மணி நேரம் ஒதுக்கி வைக்கிறேன்.