கச்சானிலும் காயாத குழி: மட்டக்களப்பு மேசன்மாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மேசன் அண்ணன்மாரே, காக்காமாரே, தம்பிமாரே,

ஆரையம்பதிப் பக்கம் சின்னதாக ஒரு ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். வீடு கட்டுகிறவரைக் கையோடு கூட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிடுவீர்கள். சீமெந்து இத்தனை பை, கம்பி இத்தனை, கொமட் ஒன்று, நாலு இஞ்சி பைப் இத்தனை என்று நீங்கள் சொல்லச் சொல்ல நான் துண்டில் எழுதுவேன். அந்தத் துண்டில் ஒரு சாமான் எப்போதும் விடுபட்டுப் போகிறது. நீங்களும் சொன்னதில்லை, இருபது வருடமாக நானும் கேட்டதில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

போன வருடம் ஆடி மாதம். கச்சான் காற்று அடித்து வளவெல்லாம் வெந்து கிடந்த நேரம். இரண்டு மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை. முற்றத்தில் சிரட்டை இல்லை, டயர் இல்லை, பூச்சட்டித் தட்டுகூட இல்லை. சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வந்து பார்த்துவிட்டு "நல்ல சுத்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் படுக்க முடியவில்லை. நுளம்புச் சுருள் இரண்டு கொளுத்தியும் போதவில்லை. "மழையும் இல்ல, தண்ணியும் இல்ல, இந்தச் சனியன் எங்க இருந்துதான் வருகுதோ" என்று அம்மா தினமும் புலம்புவார்.

ஒரு நாள் மைமல் பொழுதில் பின்பக்கம் முருங்கைக்காய் பறிக்க ஏணி வைத்து ஏறினேன். கக்கூஸ் குழிக்கு மேலே நிற்கும் காற்றுப் பைப்பின் வாய் கண்ணுக்கு நேரே வந்தது. முதலில் புகை என்றுதான் நினைத்தேன். மெல்லிதாக, விட்டு விட்டு எழும்பிக்கொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அவ்வளவும் நுளம்பு.

அடுத்த நாள் பின்னேரம் பழைய நுளம்பு வலையில் ஒரு துண்டு வெட்டிப் பை மாதிரித் தைத்து, பைப்பின் வாயில் கவிழ்த்துத் தங்கூசி நூலால் கட்டினேன். விடிய ஏறிப் பார்த்தபோது பையின் உள்பக்கம் கறுப்பாக அப்பிக்கிடந்தது. எண்ணத் தொடங்கி, நூற்றைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். ஒரு வீட்டின் ஒரு பைப், ஒரே ஒரு இரவு.

அந்தக் குழியைக் கட்டியவரைத் திட்டலாம் என்றால், கட்டியவர் என் அப்பா. அவரும் மேசன்தான். குழி இன்றுவரைக்கும் ஒரு இடத்தில்கூட இறங்கவில்லை. ஆகவே உங்கள் வேலையில் பிழை பிடிக்க வந்தவனாக என்னை நினைக்க வேண்டாம். அப்பா விட்டதைத்தான் நீங்களும் விடுகிறீர்கள். பைப்பை விற்ற நானும் அதில் கூட்டு.

நம்முடைய நிலத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். மாரியில் கிணற்றுத் தண்ணீரைக் குனிந்து வாளியால் அள்ளலாம். குழிக்குள்ளும் அதே கதைதான். கோடையில் ஊற்று இறங்கினாலும் குழி காய்வதில்லை, வீட்டிலிருந்து நாளும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. வெயில் படாது, காற்று அலைக்காது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை, தின்ன மீனும் இல்லை. நுளம்புக்கு இதைவிட நல்ல வீடு நாம் கட்டிக்கொடுக்க முடியாது. இரவில் கடிக்கும் கியூலெக்ஸ் நுளம்பு அழுக்குத் தண்ணீரைத்தான் தேடிப் போகும். நூறிலிருந்து முந்நூறு வரையான முட்டைகளைச் சேர்த்து ஒட்டி, குட்டித் தெப்பம் மாதிரித் தண்ணீரின்மேல் மிதக்கவிடும். நம் சூட்டுக்கு ஒன்றரைக் கிழமைக்குள் அவை பறந்துவிடும். தெற்கிலும் கொழும்புக் கரையிலும் யானைக்கால் நோயைப் பரப்பியது இதே நுளம்புதான். அந்த நோய் இனி நாட்டுக்குப் பெரிய பிரச்சினை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்தது. நோய் போனாலும் நுளம்பு போகவில்லை.

"அது சும்மா கடிக்கிற நுளம்பு, டெங்கு நுளம்பு நல்ல தண்ணியிலதானே முட்டை போடும்" என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதுதான். முழுக்கப் பிழை என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அது தேங்கிய மழைத்தண்ணீரில்தான் பெருகுகிறது. ஆனால் அதற்கு அப்படியொன்றும் பெரிய ஆசாரம் கிடையாது. நம் மட்டக்களப்புக் கரையிலும் யாழ்ப்பாணக் கரையிலும் உவர்த் தண்ணீர் தேங்கிய போத்தல்களிலும் பழைய தோணிகளிலும் டெங்கு நுளம்பான ஈடிஸின் குடம்பிகள், அதாவது புழுக்கள், வளர்வதை 2011 இலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். யாழ்ப்பாண நகரத்து வடிகால்களிலும் அவை வளர்கின்றன என்று 2019 இல் இன்னோர் ஆய்வு வந்தது.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது புவேர்ட்டோ ரிக்கோவில் நடந்தது. கரீபியன் கடலில் உள்ள தீவு அது, நம்மைப் போலவே வெக்கையான ஊர். அங்கே ஒரு கடலோரக் குடியிருப்பில், மழை இல்லாத காலத்திலும் டெங்கு நுளம்பு குறையாமல் இருந்ததைப் பார்த்து, வீட்டுக் குழிகளின் வாயில் பொறி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஒரு குடியிருப்பின் குழிகளிலிருந்து நாளொன்றுக்கு 18,000க்கு மேற்பட்ட டெங்கு நுளம்பும் ஏறத்தாழ 170,000 கியூலெக்ஸும் வெளியே வருவதாக 2008 இல் கணக்குப் போட்டார்கள். எந்தக் குழிகளில் டெங்கு நுளம்பு இருந்தது தெரியுமா? சுவர் வெடித்த குழிகளிலும், மூடாமல் விட்ட வாய் உள்ள குழிகளிலும்தான். அம்மா கேட்ட கேள்வியை அங்கேயும் யாரோ கேட்டிருக்கிறார்கள். அவர்கள் போய் மூடியைத் திறந்து பார்த்தார்கள், நாம் இன்னும் சிரட்டையைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறோம்.

சிரட்டையைக் கவிழ்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 2017 இல் இந்த நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானார்கள், நானூறுக்கு மேல் செத்தார்கள். அந்த வருடத்தை யாரும் மறக்கவில்லை. சிரட்டையோடு குழியையும் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன்? துண்டில் விடுபடும் சாமான், பைப் வாய்க்கு ஒரு சாண் வலை. மேலே மாட்டும் பிளாஸ்டிக் மூடியைப் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அதை நானே உங்களுக்கு விற்றிருக்கிறேன். அதன் இடுக்குகள் காகத்தையும் இலையையும் தடுக்கும், நுளம்பு தாராளமாகப் போய்வரும். வலையின் கண் ஒன்றரை மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. யன்னலுக்குப் போடும் பைபர் வலை போதும், துருப்பிடிக்காத உருக்கு வலை என்றால் இன்னும் நல்லது. கோழிக்கூட்டுக்கு வாங்கிய நாகம் பூசிய கம்பி வலையில் மிஞ்சிய துண்டை வைத்துக் கட்டாதீர்கள். அதன் கண்ணும் பெரிது, குழியிலிருந்து வரும் வாயு அதைத் தின்றும்விடும். பைப்பை நிறுத்தும் முன்னரே, நிலத்தில் கிடக்கும்போதே, வாயில் வலையை விரித்துத் தங்கூசியால் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டு, அதன்மேல் மூடியைப் போடுங்கள். ஏணிகூடத் தேவையில்லை. ஒரு துண்டு வலையின் விலை ஒரு பிளேன்டீக்கும் இரண்டு ரோல்ஸுக்கும் போகிற காசுதான்.

காத்தான்குடியிலிருந்து வரும் வயதான மேசன் காக்கா ஒருவர், நான் இதைச் சொன்னதும் கடை வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன மனே, கக்கூஸ் குழிக்கும் முக்காடு போடச் சொல்றியா?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. "வலயப் போட்டா காத்துப் போக ஏலாதே. மணம் வீட்டுக்குள்ள வந்தா ஆருக்கு ஏச்சு? எனக்குத்தானே?" உண்மைதான், வலை காற்றைக் கொஞ்சம் பிடிக்கும். அதற்காகத்தான் பைப் சின்னதாக இருக்கக் கூடாது என்கிறேன். காசு மிச்சம் என்று இரண்டு இஞ்சிக்கு இறங்காமல் நாலு இஞ்சி போடுங்கள், கூரையைத் தாண்டி உயர்த்துங்கள். சிலந்தி கூடு கட்டி அடைத்துவிடும், ஆகவே வருடத்துக்கு ஒரு தரம் தட்டிவிட வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். காக்கா "ம்" என்றார். அன்றைக்கு வலை வாங்கவில்லை. இரண்டு கிழமை கழித்து வாங்கினார்.

அப்புறம் மேல் சிலாப். பைப்புக்கு வலை போட்டாலும் சிலாப்புக்கும் சுவருக்கும் இடையில் விரல் போகிற இடைவெளி இருந்தால் எல்லாம் வீண். நுளம்புக்கு அதுவே பெரிய வாசல். கடைசி நாள் பின்னேரம் கூலி வாங்குகிற அவசரத்தில் சுற்றிவர மணலை இழுத்துவிட்டு மூடுகிறீர்கள், முதல் மழைக்கு அந்த மணல் இறங்கிவிடுகிறது. ஒரு தாச்சிக் கலவை போதும். பிறகு திறக்க வேண்டி வருமே என்றால் கலவையை மெலிதாகப் போடுங்கள், உளியால் இரண்டு தட்டுத் தட்டக் கழன்றுவிடும். சிலாப்பைத் தூக்க விடும் கம்பி வளையத்தைச் சுற்றியுள்ள ஓட்டையையும் பாருங்கள். முக்கியமாக, முதல் தொட்டியின் தண்ணீர் போய் ஊறும் பக்கத்து ஊறல் குழியை மறந்துவிடாதீர்கள். முதல் தொட்டியில் மேலே ஆடை கட்டி மூடிக் கிடக்கும், அங்கே குடம்பிக்கு மூச்சு விடுவது கொஞ்சம் கஷ்டம். ஊறல் குழியில் இருப்பது தெளிந்த தண்ணீர். நுளம்பு அங்கேதான் குடியிருக்கும், நாமோ அதைத்தான் பழைய தகரத்தால் மூடுகிறோம்.

தகரம் என்றதும் கலி பவுசர் ஞாபகம் வருகிறது. குழி நிறைந்தால் பவுசர் வருகிறது, சிலாப்பில் ஒரு மூலையை உடைத்துக் குழாயை விடுகிறார்கள், இழுத்துவிட்டுப் போகிறார்கள். உடைத்த வாய்க்கு மேல் ஒரு தகரம், தகரத்தின்மேல் ஒரு கல். அந்தக் கல் அங்கேயே பல வருடம் இருக்கும். எங்கள் ஒழுங்கையில் மட்டும் இப்படி நாலு வீடுகளில் பார்த்தேன். அந்த வேலைக்கு உங்களை யாரும் கூப்பிடுவதில்லை, அரை நாள் கூலிக்குக்கூடப் பெறாத வேலை. ஆனால் புதுக் குழி கட்டும்போதே ஒழுங்கான மூடியோடு ஒரு வாய் வைத்துவிட்டால், பிறகு யாரும் உடைக்கத் தேவையில்லை. பழைய குழியை உடைக்காமல் திறப்பதானாலும் தனியாகத் திறக்க வேண்டாம், உள்ளே இறங்கவே வேண்டாம், தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவும் வேண்டாம். அந்த வாயு ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுக் கொல்வதில்லை.

குழிக்குள் கழிவொயில் ஊற்றச் சொல்லி வீட்டுக்காரருக்கு யோசனை சொல்லுகிறவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஐம்பது அடியில் கிணறு, நடுவில் இருப்பது மணல் மட்டும். நுளம்பு பத்து நாளில் திரும்பி வரும், ஒயில் தண்ணீரைவிட்டுப் போகாது.

வேறொரு வழியும் உண்டு. ஆபிரிக்கக் கரையோரச் சான்சிபார் தீவில் மக்குண்டுச்சி என்ற ஊரில் 1980களின் கடைசியில் குழிகளுக்குள் சின்னச் சின்ன ரிஜிபோம் மணிகளைக் கொட்டி மிதக்கவிட்டார்கள். தண்ணீரின் முகம் மூடியதும் குடம்பி மூச்சுவிட முடியாமல் செத்தது. தமிழ்நாட்டில் திருக்கோவிலூர்ப் பக்கக் கிராமங்களிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். நல்ல வேலைதான், நம் ஊருக்குத்தான் ஒத்துவராது. 2011 தையில் வெள்ளம் வந்தபோது குழி எது வீதி எது என்று தெரியாமல் நின்றோமே, அந்த மணியெல்லாம் நேரே வாவிக்குப் போயிருக்கும். மருந்து போடுவதைச் சுகாதாரப் பகுதியினர் பார்த்துக்கொள்ளட்டும். கியூலெக்ஸைக் கொல்லும் மருந்து எல்லாமே ஈடிஸைக் கொல்வதில்லை, அது தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை.

மாநகர சபையிலும் பிரதேச சபைகளிலும் இருப்பவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிளானில் குழி எங்கே, கிணறு எங்கே என்று அளந்து பார்க்கிறீர்கள். கட்டி முடிந்து சான்றிதழ் கொடுக்கப் போகிற அன்றைக்கு ஒரு தரம் தலையை நிமிர்த்திப் பைப்பின் வாயையும் பாருங்கள். பவுசரோடு போகிற ஆட்களிடம் கொஞ்சம் கலவையும் கொடுத்தனுப்புங்கள். வெளிநாட்டுக்காரர் பூட்டிவிட்டுப் போன வீடுகளையும் கவனிக்க வேண்டும். கொமட்டில் நிற்கும் தண்ணீர் காய்ந்துவிட்டால் குழிக்கும் வீட்டுக்கும் நடுவில் தடுப்பே இல்லை.

2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வளவில் நுளம்பு பெருகினால் சொந்தக்காரரோ குடியிருப்பவரோதான் பதில் சொல்ல வேண்டும். மேசனை யாரும் கோட்டுக்கு இழுக்கப் போவதில்லை. ஆனால் வீட்டுக்காரர் தன் வாழ்நாளில் ஒரு தடவைகூட அந்தப் பைப்பின் வாயைப் பார்க்க மாட்டார். பார்க்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான். நானே முருங்கைக்காய்க்கு ஏறியதால்தான் பார்த்தேன்.

வலைக்கும் தாச்சிக் கலவைக்கும் தனியாகக் கூலி கேளுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தால் பைப்பில் ஒரு வலைப் பையைக் கட்டி, ஓர் இரவு கழித்து அவருக்குக் கழற்றிக் காட்டுங்கள். எங்கள் அம்மாவுக்கு நான் அப்படித்தான் காட்டினேன். பார்த்துவிட்டு, "இத்தன வருஷமா இதுகளுக்குத்தானா சோறு போட்டன்" என்றார்.

இந்த மாதத்திலிருந்து என் கடையில் நாலு இஞ்சி காற்றுப் பைப் வாங்கினால் அதோடு ஒரு சாண் பைபர் வலையும் இரண்டு முழத் தங்கூசியும் சுற்றியே வரும். பில்லில் எழுத மாட்டேன். ஏற்கெனவே நிறுத்திவிட்ட பைப்புகளுக்கும் வேண்டுமென்றால் வேறு சாமான் வாங்க வரும்போது கேளுங்கள், கல்லாவுக்குப் பக்கத்தில் வெட்டி வைத்திருக்கிறேன். போன வருடம் வரை நான் விற்ற பைப்புகள் எந்தெந்த வீட்டில் நிற்கின்றன என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
ஆரையம்பதியில் பைப் விற்கும் ஒரு மேசனின் மகன்