சரக்குக் கூலியும் பாண்டியின் சம்பளமும்

கண்டனூர்
ஐப்பசி 14

அன்புள்ள சொக்கலிங்கத்துக்கு,

சரக்குக் கூலி குறைய வேண்டும் என்று அந்தமானிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்து ஐந்து மாதமாகிறது. நடுவில் நாலு தடவை போன் போட்டாய், நான் எடுக்கவில்லை. போன வாரம் உன் வீட்டு ஆச்சி என் வீட்டில் பேசி, "அண்ணனுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று கேட்டார்களாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேனோ என்று பயந்துதான் போனைத் தொடாமல் இருந்தேன். கோபமிருந்தால் கோபித்துக்கொள். ஆனால் இதை முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

உன் வீட்டுச் சங்கதியை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டாங்கட்டில் மேற்குப் பக்கம் ஓடு சரிந்து ஒழுகியது. புதுவயலிலிருந்து ஆள் கூட்டிவந்து மாற்றியாயிற்று. பட்டாலைத் தரையில் ஆத்தங்குடிக் கல் இரண்டு கிளம்பியிருக்கிறது, மழை விட்டதும் பதிக்கலாம். கரண்ட் பில் கட்டியாயிற்று. குமரப்பன் மீசையை எடுத்துவிட்டான். தெரு நாய்கூட அடையாளம் தெரியாமல் அவனைப் பார்த்துக் குரைக்கிறது. பெரியவர் உன் பேரைச் சொன்னால் இன்னும் "அந்த ரெண்டே முக்கால் ரூபாய்" என்றுதான் ஆரம்பிக்கிறார். வந்ததும் கொடுத்துவிடு, ஐம்பது வருஷமாகப் போகிறது.

இனி விஷயம். தங்கை மகன் பாண்டி ஊர் வந்து சேர்ந்துவிட்டான்.

போன வருஷத் தீபாவளிக்கு, அவன் கப்பல் ஏறிவிட்டான் என்று தங்கை லட்டுப் பிடிக்கிற படத்தை உனக்கு அனுப்பினேனே, அதற்கப்புறம் நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. ஏஜெண்டுக்கு மூன்று லட்சம் கொடுத்தோம். தங்கையின் எட்டுப் பவுன் கூட்டுறவு வங்கிக்குப் போயிற்று. செல்போன் கடைக்கு மாடியில் ஒரு அறை, சுவரில் பெரிய கப்பல் படம், மேஜையில் ஒரு சின்ன நங்கூரம். அதைப் பார்த்தே தங்கை நம்பிவிட்டாள். நானும் கூடத்தான் போயிருந்தேன், நானும் நம்பினேன். விசிட் விசாவில் வளைகுடாவுக்கு அனுப்பி, அங்கே ஒரு பழைய எண்ணெய்க் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். முதல் இரண்டு மாதச் சம்பளம் வந்தது. தை பிறந்ததிலிருந்து நின்றுவிட்டது. அடுத்து கப்பலும் நின்றுவிட்டது. துறைமுகத்துக்கு வெளியே ஆங்கரேஜில் நங்கூரம் போட்டபடி ஏழு மாதம்.

முதலாளிக்குக் கடன் ஏறிப்போயிற்று. கப்பலை உடைத்து இரும்பாக விற்றால் வருவதைவிடக் கடன் அதிகமானதும் ஆளே காணாமல் போய்விட்டான். பையன்கள் இறங்கி வந்துவிட முடியாதா என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். ஆளில்லாத கப்பல் நங்கூரம் அறுத்துக்கொண்டு போய் இன்னொன்றில் மோதினால் யார் பொறுப்பு? அதனால் குறைந்தபட்ச ஆட்கள் மேலேயே இருக்க வேண்டும் என்று துறைமுகம் சொல்லிவிடும். விசாவும் கிடையாது. கரை கண்ணுக்குத் தெரிகிறது, ராத்திரி கட்டட விளக்கெல்லாம் எண்ணலாமாம். கால் வைக்க முடியாது.

டீசல் தீரக்கூடாது என்று ஜெனரேட்டரை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டுவார்களாம். சித்திரை, வைகாசி வெயிலில் இரும்புக் கேபினில் படுக்க முடியாமல் மேல்தளத்தில் ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். குடிதண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டில். அரிசியும் பருப்பும் பக்கத்துக் கப்பல்காரர்கள் இரங்கிக் கொடுத்தது. போசன் (மேல்தள ஆட்களுக்கு மேஸ்திரி) ஒருவர், ஐம்பது வயதுக்காரர், மகள் கல்யாணத்தைப் போனில் பார்த்திருக்கிறார், பாதியில் சார்ஜ் போய்விட்டதாம். இதைச் சொல்லும்போது மட்டும்தான் பாண்டி அழுதான். தன் கதையை அழாமல் சொன்னான்.

அவன் வந்து இரண்டரை மாதமாகிறது. நீ அவனைப் பார்க்க வேண்டும் சொக்கா. குளிக்கப் போனால் ஒரே ஒரு செம்புத் தண்ணீர். தங்கை அடுத்த வாளியை வைத்தால் "இருக்கட்டும்மா, நாளைக்கு ஆகும்" என்கிறான். போன வாரம் பெரிய மழை. உன் வீட்டில் ஒழுகுகிறதா என்று பார்க்க அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். வளவு முற்றத்தில் நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் தண்ணீர் கொட்டுகிறது. தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவன், அடுப்படியில் கிடந்த அண்டாவை இழுத்துக்கொண்டு வந்து தாழ்வாரத்தடியில் வைத்தான். அது நிரம்பியதும் தவலை. அதுவும் நிரம்பியதும் வேறு பாத்திரம் தேடுகிறான். "எதுக்குடா?" என்று கேட்டேன். பதிலில்லை. நகக்கண்ணிலெல்லாம் கப்பலில் சுரண்டிய துரு இன்னும் போகவில்லை.

எப்படி மீண்டான் என்பதைச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. அந்தக் கப்பலில் மெஸ்ஸுக்கு வெளியே சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு தாள் மாட்டியிருந்திருக்கிறது. ஏழு மாதம் அதைத் தாண்டித்தான் சாப்பிடப் போயிருக்கிறார்கள். ஆவணி பிறக்கும் முன்னே, சமையல்காரப் பையன் ஒருவன் பொழுதுபோகாமல் அதை எழுத்துக்கூட்டிப் படித்தான். காப்பீட்டுச் சான்று அது. கப்பல் முதலாளி ஆட்களைக் கைவிட்டால் நாலு மாதச் சம்பளம் வரைக்கும், சாப்பாடு, தண்ணீர், ஊர் திரும்பும் செலவு எல்லாம் காப்பீட்டுக்காரன் தர வேண்டும். மாலுமிகளுக்கென்று 2006இல் உலக நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தம். இந்தியா 2015இல் ஏற்றுக்கொண்டது. இந்தக் காப்பீட்டு விதி 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இரண்டு மாதம் சம்பளம் தராவிட்டாலே கைவிட்டதாகத்தான் கணக்காம்! அப்படியானால் மாசியிலேயே கேட்டிருக்கலாம். அந்தத் தாளிலிருந்த ஈமெயிலுக்கு எழுதினார்கள், நான் இங்கிருந்து ஒரு மாலுமிகள் சங்கத்துக்கு விடாமல் போன் செய்தேன், மூன்று வாரத்தில் டிக்கெட் வந்தது. ஏழு மாதத்தில் நாலு மாதச் சம்பளம் கைக்கு வந்தது. மற்ற மூன்று மாதம் கோர்ட்டில்.

அந்த வைகாசி, ஆனியில் நான் ஏறி இறங்காத படி இல்லை. ஒரு அலுவலகத்தில், "கப்பலா? அது எங்கள் டிபார்ட்மெண்ட் இல்லையே" என்றார்கள். இன்னொன்றில், ஏஜெண்டின் லைசென்ஸ் நம்பர் கேட்டார்கள். அன்றைக்குத்தான் எனக்கு லைசென்ஸ் என்று ஒன்று உண்டு என்பதே தெரியும். மும்பையில் இருக்கிற கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் தருகிறது அது. வாங்கியவன் வங்கி உத்தரவாதம் கட்டியிருக்க வேண்டும். பையன்களிடம் வேலைக்காக ஒரு பைசா வாங்கக்கூடாது. ஒரு பைசா! நாங்கள் மூன்று லட்சத்தை மஞ்சள் பையில் வைத்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு கொடுத்தோம்.

நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் வந்த கேடு என்றுதான் நினைத்திருந்தேன். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் எடுத்த கணக்கைச் சங்கத்துக்காரர் காட்டினார். 2024இல் மட்டும் உலகத்தில் 312 கப்பல்களில் 3,133 பேர் இப்படிக் கைவிடப்பட்டிருக்கிறார்கள். அதில் அதிகம் பேர் எந்த நாட்டார் தெரியுமா? நம் ஆட்கள். 899 பேர்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். நாலு பக்கமும் சரக்குக் கூலிதான் எழுதியிருந்தாய். சென்னையில் மூட்டை ஏறி உன் கடை வாசலில் இறங்குவதற்குள் வெங்காயம் பாதி முளைவிட்டுவிடுகிறது, கப்பல் வருகிற நாளும் நிச்சயமில்லை, கூலி குறைந்தால்தான் தீவில் மனுஷன் பிழைக்கலாம் என்று. அன்றைக்குப் படித்திருந்தால் முழுக்க ஒத்துக்கொண்டிருப்பேன். அந்தமானில் சோப்பும் சிமெண்டும் கடல் தாண்டித்தான் வர வேண்டும், தெரியாதவனா நான்? ஆனால் பாண்டி வந்த பிறகுதான் எடுத்துப் படித்தேன். நீ கேட்கிற குறைந்த கூலியை உனக்குத் தருகிறவன் யார் என்று ஒரு வரி கூட நீ கேட்கவில்லையடா. பாண்டி இருந்த கப்பல்தான் அந்தத் துறைமுகத்திலேயே குறைந்த கூலிக்கு ஓடிய கப்பலாம். அவனே சொன்னான். எங்கிருந்து குறைத்தான்? ரிப்பேரில் குறைத்தான், அரிசியில் குறைத்தான், கடைசியில் பையன்கள் சம்பளத்தில் குறைத்தான்.

நாலாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரே சரித்திரமும் எடுத்தாரே, வ.உ.சி. பாடம் நினைவிருக்கிறதா? 1906இல் சுதேசிக் கம்பெனி. காலியா, லாவோ என்று இரண்டு கப்பல், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும். வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட் விலையை இறக்கிக்கொண்டே வந்து, கடைசியில் சும்மா ஏறு, குடையும் தருகிறேன் என்றது. நீ எழுந்து நின்று, "சார், குடை வாங்கிக்கிட்டு அந்தக் கப்பல்ல போயிட்டு, திரும்பி வர சுதேசிக் கப்பல்ல வரலாமா?" என்று கேட்டு அடி வாங்கினாய். வகுப்பே சிரித்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. குறைந்த கூலியை வைத்தே ஒரு கம்பெனியைக் கொன்றார்கள். 1908இல் அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள்.

அரசாங்கம் கடலை மறந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், அதுவும் இப்போது சரியில்லை. 2025இல் மட்டும் வணிகக் கப்பல் சட்டம், கடலோரக் கப்பல் சட்டம், துறைமுகச் சட்டம் என்று வரிசையாகப் புதிதாக வந்துவிட்டன. பழைய 1958 வணிகக் கப்பல் சட்டத்துக்கும் 1908 துறைமுகச் சட்டத்துக்கும் பதிலாக வந்தவை. செப்டம்பரில் கப்பல் கட்டவும் தளம் அமைக்கவும் 69,725 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். நல்லதுதான். நம் பொருளை நம் கப்பல் சுமக்கட்டும், எனக்கு அதில் சந்தோஷம். ஆனால் அத்தனை கோடிக்குள் செல்போன் கடை மாடியைப் போய்ப் பார்க்க ஒரு ஆள் சம்பளம் இருக்கிறதா? சிவகங்கையிலோ ராமநாதபுரத்திலோ, இந்த ஏஜெண்ட் அசலா போலியா என்று ஒரு தாய் போய்க் கேட்க ஒரு மேஜை, ஒரு நாற்காலி போதும். மும்பையில் இருக்கிற பட்டியல் தங்கைக்கு எப்படித் தெரியும்?

கடலோரச் சட்டத்தில் ஒரு இடம் எனக்குப் பிடித்தது. வெளிநாட்டுக் கப்பலை எடுத்து நம் கரையோரம் சரக்கு ஏற்ற லைசென்ஸ் கேட்டால், அதில் வேலை செய்கிறவர்கள் எந்த நாட்டார் என்பதையும் பார்த்துத்தான் தர வேண்டும் என்றிருக்கிறது. அதோடு இன்னொன்றையும் சேர்க்கட்டும் என்கிறேன்: அந்த முதலாளி யாருக்காவது சம்பளம் பாக்கி வைத்திருக்கிறானா என்று பார்க்கட்டும். பாக்கி இருந்தால் உன் வெங்காய மூட்டையை அவன் தொடக்கூடாது. கூலி கொஞ்சம் ஏறும்தான். தீவுக்காரனுக்கு அந்த வித்தியாசத்தை அரசாங்கம் மானியமாகக் கொடுக்கட்டும், நானும் உன்னோடு சேர்ந்து மனு எழுதுகிறேன். பையனின் வயிற்றிலிருந்து எடுத்துக் கொடுக்கக்கூடாது.

உங்கள் ஐயா பர்மாவுக்குப் போன சம்பளச் சீட்டு பெட்டகத்தில் இருந்ததே, உன் அக்கா கல்யாணத்துக்கு வெள்ளையடித்தபோது எடுத்துப் பார்த்தோமே! மூன்று வருஷக் கணக்கு, இன்ன சம்பளம், வீட்டுக்கு முன்பணம் இவ்வளவு என்று மடித்த தாளில் ஒன்று விடாமல் எழுதியிருந்தது. எழுத்துக்குக் கீழே சாட்சிக் கையெழுத்து வேறு. வட்டிக் கடைப் பெட்டியடியில் உட்காரப் போகிற பையனுக்கே ஊரில் சீட்டு எழுதாமல் கப்பல் ஏற்றமாட்டார்கள். பாண்டிக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. சம்பளம் எழுதிய இடத்தில் கட்டைவிரல் மறைத்திருந்தது.

உன் பேரன் கப்பலுக்குப் போகிறேன் என்கிறான், அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். அனுப்பு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை, கடல் தாண்டாமல் நம் ஊரில் இந்த வீடுகள் ஏது? ஆறு மாதப் பயிற்சி என்றால் இயக்குநரகம் அங்கீகரித்த இடத்தில்தான் சேர்க்க வேண்டும். ஏஜெண்டின் லைசென்ஸ் நம்பரை நீயே இணையதளத்தில் போட்டுப் பார், அவன் காட்டுகிற தாளை நம்பாதே. காசு கேட்டால் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடு. விசிட் விசா என்ற பேச்சு வந்தால் பையனின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி உன் இடுப்பில் செருகிக்கொள். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஒரு நகல் வீட்டில் இருக்க வேண்டும். கப்பல் ஏறியதும் முதல் வேலையாக மெஸ் சுவரைப் படிக்கச் சொல்.

பாண்டி மறுபடி போகிறேன் என்கிறான். தங்கை சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2024 ஆகஸ்டில் ஒரு கப்பல் விட்டார்களே, பெயர் 'சிவகங்கை', நம் மாவட்டம்! "அதுல ஒரு வேலை கெடச்சா போதும் மாமா, மறுநாளே கரைக்கு வந்துரலாம்" என்கிறான். அதற்கு முன்னால் 2023 அக்டோபரில் 'செரியபாணி' என்று ஒன்றைத் தொடங்கி, மழைக்காலம் வந்ததும் சில நாளிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த மாதிரிக் கப்பல்கள் நிற்காமல் ஓடினால், தூத்துக்குடிக்கும் தொண்டிக்கும் நாகைக்கும் சேர்த்து நம் பிள்ளைகளுக்கு நூறு வேலையாவது வரும். உனக்குத் தெரிந்த கப்பல்காரர்கள் அங்கே இருப்பார்களே, சென்னை - அந்தமான் கப்பல்களில் ஓ.எஸ். (சாதாரண மாலுமி) வேலைக்கு எப்படி எடுக்கிறார்கள் என்று விசாரித்து எழுது. சிபாரிசு வேண்டாம், நேர் வழி என்ன என்பது போதும். மாலுமிக்கான அடையாளப் புத்தகம், சி.டி.சி., அவனிடம் இருக்கிறது.

பிள்ளையார் நோன்புக்கு இந்தத் தடவை ஊருக்கு வந்துவிடு. ஆச்சியையும் கூட்டி வா. சீப்புச் சீடைக்கு என் வீட்டில் இப்போதே மாவு பேசிக்கொண்டிருக்கிறார்கள். வரும்போது பெட்டகச் சாவியை மறக்காமல் எடுத்துவா. அந்தச் சம்பளச் சீட்டைப் பாண்டி ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்கிறான்.

அன்புடன்,
அழகு