வைகுந்தம் போகாமல் திரும்பிய கதை

அஸ்தம்பட்டி, சேலம்
ஜூலை 6, ஞாயிறு

அன்புள்ள உமாவுக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலம்தானே. இவருக்குச் சர்க்கரை 180-லேயே உட்கார்ந்திருக்கிறது, பெரியவன் பெங்களூரில் மறுபடியும் வீடு மாறிவிட்டான், மல்கோவா விலையைக் கேட்டால் இந்த வருடம் பல் கூசுகிறது. செய்திகள் முடிந்தன.

உன் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று காலை ஏழரைக்கு உனக்கு ஒரு மெசேஜ் போட்டேனே, "உடம்பு சரியில்லை, வர முடியலை" என்று. அது பொய். அன்றைக்கு எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. மகுடஞ்சாவடி தாண்டி ரோட்டோரம் காரை நிறுத்திவிட்டு, பட்டுப்புடவையோடு குத்தவைத்து முன்சக்கரத்தை முறைத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்துதான் அந்த மெசேஜ். போனில் சொன்னால் நீ "ஓஹோ..." என்று ஒரு இழுப்பு இழுப்பாய். அதற்குப் பயந்துதான் கடிதம்.

முதலிலிருந்து சொல்கிறேன். பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம், சாயங்காலம் ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். எப்போதும் போல முன்சீட்டில் பி.டி. சார், பின்சீட்டில் ரேவதி. மூடுபனி. மேலே ஏறும்போது வண்டி நின்றுபோனால் டயருக்குப் பின்னால் ஒரு கல்லை அண்டக் கொடுப்பார்களே, கிளம்பும்போது அதை எடுத்து ஓரமாகப் போடத் தோன்றாது பார், அந்தப் புண்ணியவான்களில் ஒருவர் விட்டுவிட்டுப் போன கல். கொண்டை ஊசி வளைவு திரும்பினதும் எதிரில் பஸ், நான் இடது பக்கம் ஒதுங்கினேன். டொக்! பி.டி. சாரின் டிபன் பாக்ஸ் காலடியில் உருண்டது. இறங்கிப் பார்த்தேன். டயர் நன்றாகத்தான் இருந்தது, காற்றும் இறங்கவில்லை. "ஒண்ணும் ஆகலை டீச்சர், போலாம்" என்றார் சார். போய்விட்டோம்.

மலையில் நான் 30, 35-க்கு மேல் போவதே இல்லை. அதனால் பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. உன் வீட்டுக்குக் கிளம்பிய அன்றைக்குத்தான் தெரிந்தது. கொண்டலாம்பட்டி தாண்டி நாலு வழிச் சாலையில் 80 வந்தது, ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. 60-க்கு இறக்கினால் நின்றுவிடும். மறுபடி 80, மறுபடி நடுக்கம். வைகுந்தம் டோல்கேட் இன்னும் கொஞ்ச தூரம்தான். உமா, நான் வைகுந்தம் போகாமலே திரும்பிவிட்டேன். (இதற்கு நீ சிரித்தே ஆக வேண்டும், மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.)

அந்த 80 என்ன கணக்கு என்று வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். என் வண்டி டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.84 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் போனால் சக்கரம் நொடிக்குப் பன்னிரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு என்றால் நொடிக்குப் பன்னிரண்டு தட்டு. சக்கரமும் அதைத் தாங்குகிற பாகங்களும் தானாகக் குதிக்கும் வேகமும் ஏறக்குறைய அதுதான், அதனால் இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. ஒத்ததிர்வு என்று 25 வருடமாக ஊஞ்சலை வைத்துப் பாடம் நடத்துகிறேன், இந்த முறைதான் அதைக் கையில் பிடித்துப் பார்த்தேன்.

அப்புறம் ஊரில் ஆளுக்கு ஒரு வைத்தியம். இவர், "லேசான பெண்டுதானே, ஓடுதுல்ல, விடு" என்றார். சர்க்கரைக்கும் இதையேதான் சொல்கிறார். ஐந்து ரோடு பக்கம் ஒரு டயர் கடையில் பேலன்சிங் போட்டார்கள். மெஷின் 60 கிராம் காட்டியது, ரிம்மில் ஈயக்கட்டி ஒட்டி அனுப்பினார்கள். ஓமலூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன், நடுக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது, போகவில்லை. எப்படிப் போகும்? ஈயம் எடையைத்தான் சரிக்கட்டும். கோணல் கோணலாகத்தானே இருக்கும். திரும்பப் போய்ச் சொன்னேன். கடைப்பையன் என்னிடம் பேசாமல், "சார் நம்பர் குடுங்க மேடம், அவர்கிட்ட வெளக்கமாச் சொல்லிடறேன்" என்றான். கியரும் கிளட்சும் எது என்று தெரியாத மனிதரிடம் விளக்கமாகச் சொல்லப் போகிறானாம்! நான் நம்பர் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் விசேஷம். முன்னால் இருந்த வீலைக் கழற்றிப் பின்னால் மாட்டினான், பின்னால் இருந்ததை முன்னால். "இப்ப ஓட்டிப் பாருங்க."

ஓட்டினேன். ஸ்டீயரிங் வெண்ணெய் மாதிரி இருந்தது. 300 ரூபாய் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக வந்தேன். மறு வாரம் ஒரு கல்யாணத்துக்கு மூன்று பேரும் தர்மபுரி போனபோது, தொப்பூருக்கு முன்னாலேயே ரேவதி, "மேடம், பின்சீட்ல மசாஜ் மெஷின் வெச்சிருக்கீங்களா?" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

அதையே இன்னும் ஒரு வாரம் ஓட்டினேன் என்பதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ரேவதி தினமும் பின்னால் இடது பக்க ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். காலையில் நாலரைக்கு எழுந்து குழந்தைக்கும் மாமியாருக்கும் செய்து வைத்துவிட்டு வருகிற பெண். கண்ணாடியில் பார்த்தால் வாய் லேசாகத் திறந்திருக்கும். அவளுக்கு நேர் கீழேதான் அந்த வீல். ஒருநாள் இறங்கும்போது பதினோராவது வளைவில் பார்த்தேன், பத்தாவதில் பார்த்தேன், அடிவாரம் வரும் வரை என்னால் கண்ணாடியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அன்றைக்கு ராத்திரியே அளந்துவிடுவது என்று உட்கார்ந்தேன். வாசலில் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்து, பின்பக்கம் ஜாக்கி போட்டேன். ஸ்டெப்னியைக் கழற்றி வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டேன், ஜாக்கி வழுக்கினாலும் வண்டி அதன்மேல் உட்காரட்டும் என்று. ஒரு செங்கல்லில் பென்சிலைக் கட்டி, ரிம்மின் உள் விளிம்பை உரசுகிற மாதிரி நகர்த்தி வைத்தேன். கவனி, உள் விளிம்பு. வெளியே பளபளவென்று தெரிகிற பக்கத்தில் ஒரு கீறல்தான் இருந்தது. அடி வாங்கினால் பெரும்பாலும் வளைவது கண்ணுக்குத் தெரியாத உள் பக்கம்தானாம். மெதுவாகச் சுற்றினேன். ஒரு இடத்தில் பென்சில் 'கிர்ர்' என்று உரசியது, எதிர்ப்பக்கம் வந்ததும் விலகியது. அந்த இடைவெளியை எதை வைத்து அளப்பது? கைப்பையில் ஏ.டி.எம். கார்டு. உலகம் முழுக்க அதன் தடிமன் ஒன்றுதான், 0.76 மில்லிமீட்டர். ஒரு கார்டு நுழைந்தது, இரண்டு நுழைந்தது, ஆதார் அட்டையையும் சேர்த்து மூன்றும் நுழைந்தது. இரண்டேகால் மில்லிமீட்டர்! ஒரு மில்லிமீட்டர் சுமாருக்குள் என்றால் கண்டுகொள்ளாமல் விடலாம். இது அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல். இவர் வெளியே வந்து, டார்ச் வெளிச்சத்தில் வீலுக்கு ஆதார் காட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

காற்றும் குறைந்துகொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமை 33 வைத்தால் சனிக்கிழமை 28. மலை ஏறி இறங்குவதால் இருக்குமோ என்று முதலில் யோசித்தேன். அதிலும் ஒரு வேடிக்கை. சேலம் 278 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500-க்கும் மேல். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் கேஜில் இரண்டு கூடக் காட்ட வேண்டும். ஆனால் மேலே பத்து டிகிரி குளிர்ந்தால் டயருக்குள் காற்று சுருங்கி ஒன்றரை குறைந்துவிடும். கூட்டிக் கழித்தால் மலை ஒன்றும் எடுப்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. அதுவும் நான் காலையில் வீட்டு வாசலில் வைத்துத்தானே பார்க்கிறேன். ஆக அந்த ஐந்து எங்கேயோ கசிகிறது. சோப்புத் தண்ணீர் அடித்தேன். வால்வில் குமிழி இல்லை. டயரும் ரிம்மும் சேருகிற இடத்தில், உள்பக்கம், பொடிப்பொடியாக நுரைத்தது.

இரும்பு வீலாக இருந்திருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். இரும்பு வளையும், தட்டி நிமிர்த்தலாம். என்னுடையது அலாய், வார்த்தெடுத்த அலுமினியம். நிமிர்த்தலாம்தான், ஹைட்ராலிக் மெஷின் வைத்துப் பெண்டு எடுக்கிறார்கள். ஆனால் அது வளைவதற்குப் பதில் விரிசல் விடவும் கூடும், நெருப்புக் காட்டினால் அதன் பதமும் போய்விடும். இரும்பாலை இருக்கிற ஊரில் இருந்துகொண்டு அலுமினியச் சக்கரம் எதற்கு என்று வாங்கின அன்றைக்கே கேட்டாய். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. என் பெரியவனுக்கு 'லுக்' முக்கியம். இன்னொன்று, நம் சேர்வராயன் மலையே பாக்சைட் மலை. இங்கே வெட்டின பாக்சைட்தானே மேட்டூருக்குப் போய் அலுமினியமாயிற்று? என் வீல் தாய்வீட்டுக்கு வந்து அடி வாங்கியிருக்கிறது.

கடைசியில் கோரிமேட்டுப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. அறுபது வயதுக்காரர், பேச்சு ரொம்பக் கம்மி. பெண்டு எடுக்க 1,500 என்றார். டயரைப் பிரித்தார், ரிம்மைத் துணியில் பெட்ரோல் நனைத்துத் துடைத்தார், கட்டைவிரல் நகத்தை உள் விளிம்பில் வைத்து ஓட்டிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நகம் நின்றது. என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். என் நகமும் மாட்டியது. முடி மாதிரி ஒரு கோடு, என் சுண்டுவிரல் நகத்தின் நீளம்கூட இருக்காது. நுரைத்தது அதுதான்.

"ஆர்கான் வெல்டிங் வெச்சு அடைக்கலாம்ல?" என்று கேட்டது நான்தான், உமா. அவ்வளவு அளந்து கணக்குப் போட்ட பிறகும், புது வீலுக்கான ஏழாயிரம் மிச்சமாகுமே என்று நாக்கில் வந்துவிட்டது. அவர், "டவுனுக்குள்ள ஓட்டுறவங்களுக்கே ரெண்டு தடவ யோசிப்பேன். மலைக்குப் போற வண்டிக்கு செய்யறதில்லம்மா" என்றார். டயரின் பக்கவாட்டையும் உள்ளுக்குள் தடவிப் பார்த்தார், எங்காவது புடைத்திருந்தால் அதையும் தூக்கிப் போட வேண்டுமாம். நல்லவேளை, இல்லை. பிரித்ததற்கு 200 மட்டும் வாங்கிக்கொண்டார். புது வீல் 7,000, வெள்ளிக்கிழமை வந்து மாட்டியாயிற்று. இவருக்கு 5,000 என்று சொல்லியிருக்கிறேன், நீ உளறிவிடாதே.

பழைய வீலைப் பதினொன்றாம் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வளைந்தது பழையபடி நிமிராமல் போகிற அந்த மீட்சி எல்லையை நடத்த இதைவிட என்ன வேண்டும்? எல்லா நகமும் வரிசையாக வந்து அந்தக் கோட்டில் மாட்டிப் பார்த்தன. ரேவதியிடமும் சொல்லிவிட்டேன். "போங்க மேடம், நான் தூங்கிட்டுத்தானே இருந்தேன்" என்றாள்.

சரி. நீ கேட்கப்போவது எனக்குத் தெரியும். சேலத்திலிருந்து ஈரோட்டுக்கு எந்நேரமும் பஸ் இருக்கிறதே, கார் நடுங்கினால் பஸ்ஸில் வந்திருக்கலாமே என்பாய். வந்திருக்கலாம். அப்பாவை எடுத்த அன்றைக்குப் பஸ்ஸில்தானே வந்தேன். அன்றைக்குத் திண்ணை நிறையக் கூட்டம், அழுகைச் சத்தம், அதில் ஒளிந்துகொள்ள முடிந்தது. பதினாறாம் நாள் என்றால் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அப்பாவின் சாய்வு நாற்காலி சும்மா இருக்கும், நீ என் எதிரில் உட்கார்ந்திருப்பாய். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், உமா. என் அப்பா "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?" என்றபோது, "உமாவுக்குச் சொல்லித் தரேன், இவ பின்னால உக்காந்து பாக்கட்டும்" என்று கூட்டிப்போய், தெருவைத் தாண்டினதும் என்னை முன்னால் மாற்றி உட்காரவைத்தவர். ஸ்டீயரிங் நடுங்கியது நிஜம். அது நடுங்கினபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்ததும் நிஜம். அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு தூரம் வீலைச் சுற்றி வந்திருக்கிறேன். திட்டுவதானால் நேரில் திட்டு.

வருகிற ஞாயிறு, 13-ஆம் தேதி, காரில் வருகிறேன். தட்டுவடை, காரச் சட்னி தனியாக. அம்மாவுக்கு மல்கோவா இரண்டே இரண்டு, கோபித்துக்கொள்ளச் சொல்லாதே, விலை அப்படி. மத்தியானம் சமைக்காதே, ரசமும் அப்பளமும் போதும்.

அம்பாசடர் இன்னும் ஷெட்டில்தானே இருக்கிறது? டயரில் காற்று இருக்கிறதா என்று ஒரு எட்டு பார்த்து வை. அப்பா இருந்தால் கிளம்பும் முன் நாலு டயருக்கும் நாலு உதை விட்டிருப்பார், இத்தனை நாளாய் யார் உதைத்திருக்கப் போகிறார்கள்? காற்றில்லாமல் ஒரே இடத்தில் நின்றால் அடியில் சப்பையாகிவிடும். என் பம்பைக் கொண்டுவருகிறேன்.

உன்
செல்வி