தமிழ் மென்பொருள் ஆக்குநர்களுக்கு: டெப் கோப்பு மட்டும் போதாது

அன்புள்ள தமிழ்க் கணிமை ஆக்குநர்களுக்கு,

வணக்கம். விசைப்பலகை, எழுத்துரு, சொற்பிழைதிருத்தி, எழுத்துணரி என்று லினக்ஸ் கணினிகளுக்கான தமிழ்க் கருவிகளை எழுதி வெளியிடுபவர்கள் நீங்கள். அவற்றைப் பொதிகளாகக் கட்டி, டெபியன், உபுண்டு, ஃபெடோரா களஞ்சியங்கள் வழியாகப் பயனரிடம் சேர்ப்பது எங்கள் வேலை. உங்கள் தளங்களில் பெரும்பாலும் கிடைப்பது ஒரு டெப் கோப்பும் (டெபியன், உபுண்டுவில் நேரடியாக நிறுவும் கட்டிய பொதி), அதற்குக் கீழே முனையத்தில் ஒட்டுவதற்கான ஒரு வரிக் கட்டளையும்தான். வெளியான அன்று அது நன்றாகவே ஓடும். பயனர் தன் இயங்குதளத்தை அடுத்த பதிப்புக்கு உயர்த்தினாரோ இல்லையோ, திறக்க மறுக்கும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இதுதான்: டெப் கோப்பைக் கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை, ஆனால் அதற்கு முன்னால், எவரும் எந்த ஆண்டிலும் வலைத்தொடர்பே இல்லாமல் மறுபடி கட்டக்கூடிய மூலநிரலை வெளியிடுங்கள்.

கட்டிய கோப்பு ஏன் நிலைப்பதில்லை என்பதற்குச் சி++ நிரல் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். உபுண்டு 24.04 இல் கட்டினால் அது ஜிலிப்சி (லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படைச் சி லைப்ரரி) 2.39 உடன் இணைகிறது. டெபியன் 12 இல் இருப்பது 2.36. அங்கே கொண்டுபோய் ஓட்டினால் 'ஜிலிப்சி 2.38 காணப்படவில்லை' என்று நின்றுவிடும். புதிய வசதி எதையும் நான் பயன்படுத்தவில்லையே என்பீர்கள். எழுத்தை எண்ணாக மாற்றும் ஸ்ட்ர்டோல் என்ற மிகப் பழைய செயற்கூறுக்குக்கூட 2.38 இல் புதிய வடிவம் வந்துவிட்டது. புதிய மேடையில் கட்டும்போது நிரல்பெயர்ப்பி கேட்காமலே அதைக் கோத்துவிடுகிறது. சரி, பழைய மேடையில் கட்டலாம் என்றால் அதற்கும் முட்டுக்கட்டை உண்டு. உபுண்டு 20.04 இல் கட்டிய பொதி, மறைகுறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பயன்படுத்தினால் 1.1 ஐக் கேட்கும், 22.04 இலிருந்து களஞ்சியத்தில் இருப்பது 3 வரிசைதான். பயனர் எங்கிருந்தோ பழைய லைப்ரரியைத் தேடி எடுத்து நிறுவுகிறார். பாதுகாப்புத் திருத்தங்கள் வராத ஒரு லைப்ரரி, உங்கள் கருவிக்காகவே அவர் கணினியில் குடியேறுகிறது.

பைத்தானில் எழுதினால் தப்பிக்கலாம் என்பது பாதி உண்மை. உபுண்டு 22.04 இல் பைத்தான் 3.10, டெபியன் 12 இல் 3.11, உபுண்டு 24.04 இல் 3.12, டெபியன் 13 இல் 3.13. சி மொழியில் எழுதிய சிறு நீட்சி ஒன்று உள்ளே இருந்தாலும், அதன் கோப்புப் பெயரிலேயே பொதுவாகப் பைத்தான் பதிப்பு எண் பொறிக்கப்பட்டிருக்கும். அடுத்த பதிப்பு அதைத் திரும்பியும் பார்க்காது. தூய பைத்தான் நிரல்களிலும், நிறுவலுக்கு டிஸ்ட்யூட்டில்ஸை நம்பியிருந்தவை 3.12 இல் விழுந்தன, ஏனெனில் அந்தக் கூறே அதில் நீக்கப்பட்டுவிட்டது. மூலநிரல் கையில் இருந்தால் இவை அனைத்தும் எங்களுக்கு ஒரு மறுகட்டு வேலை. டெப் கோப்பு மட்டும் இருந்தால் நாங்கள் செய்யக்கூடியது எதுவுமில்லை.

சார்புப் பட்டியலைக் கையால் எழுதாதீர்கள். டெபியன் கட்டுமுறையை ஒழுங்காகப் பின்பற்றினால், எந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பு தேவை என்பதை ஷ்லிப்டெப்ஸ் கருவியே கோப்புகளைப் படித்து எழுதிக்கொள்ளும். ஒரு கோப்புறையை அடுக்கி, கட்டுப்பாட்டுக் கோப்பைக் கையால் நிரப்பி, நேரடியாக டெப் ஆக்கும் குறுக்குவழிதான் வலைப்பாடங்களில் அதிகம் காணக் கிடைக்கிறது. அதில் ஒளிந்திருக்கும் ஆபத்து ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. அப்படிக் கட்டும்போது கோப்புகளின் உரிமையாளராக உங்கள் பயனர் எண்ணே பதிவாகிறது, வழக்கமாக 1000. நிறுவிய கணினியிலும் 1000 என்பது அங்குள்ள முதல் பயனர். கணினி முழுவதற்கும் பொதுவான நிரலை அவர் கணக்கில் ஓடும் எந்தச் செயலியும் கடவுச்சொல் கேட்காமலே மாற்றி எழுதலாம். டெப் கோப்பைக் கட்டும் டிபிகேஜி-டெப் கட்டளையோடு உரிமையாளரை ரூட் (கணினியின் முழு உரிமை கொண்ட நிர்வாகக் கணக்கு) ஆக்கும் தெரிவைச் சேர்த்தால் இது தீரும். கோப்புறை விண்டோஸ் பகிர்வில் இருந்தால் அனுமதிகள் 777 ஆகி, கட்டவே மறுக்கும். இது மட்டும் நல்ல பிழை, உடனே தெரிந்துவிடுகிறது. உபுண்டுவில் கட்டும் டெப் கோப்புகள் 21.10 முதல் இசட்ஸ்டாண்டர்ட் முறையில் சுருக்கப்படுகின்றன. டெபியன் 11 க்கு அதைத் திறக்கத் தெரியாது. பழைய கணினிகளையும் எட்ட வேண்டுமானால் எக்ஸ்இசட் முறையைத் தெரிந்தெடுங்கள்.

அடுத்தது, எங்களுக்கு மிகுந்த தலைவலி தரும் இடம்: நிறுவியபின் ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் நிரல். பைத்தானின் நிறுவு கருவியான பிப் மூலம் லைப்ரரி இறக்குவது, தரவுக் கோப்பை வலையிலிருந்து எடுப்பது, பயனரின் வீட்டுக் கோப்புறையில் அமைப்புகளை எழுதுவது என்று எல்லாவற்றையும் அதற்குள் திணிக்கிறார்கள். அது ரூட் கணக்கில் ஓடுகிறது. அங்கே வீட்டுக் கோப்புறை என்றால் ரூட்டின் வீடு, பயனருடையது அல்ல. பயனரின் கோப்புறையை எப்படியோ கண்டுபிடித்து எழுதினாலும், கோப்பின் உரிமை ரூட்டிடம் போய்விடும்; பயனரால் தன் அமைப்பையே மாற்ற முடியாது. டெபியன் 12 முதலும் உபுண்டு 23.04 முதலும் கணினியின் பைத்தானுக்குள் நிறுவப் பிப் மறுக்கிறது, ரூட்டாக ஓட்டினாலும் சரி. ஆகவே உங்கள் போஸ்ட்இன்ஸ்ட் பிழையோடு முடியும்; பொதி பாதி அமைக்கப்பட்ட நிலையில் தொங்கும். அதன்பின் பயனர் உலாவியைப் புதுப்பிக்கப் போனாலும், பொதிகளை நிறுவிப் புதுப்பிக்கும் ஆப்ட் ஒவ்வொரு முறையும் உங்கள் பொதியை அமைக்க முயன்று, தோற்று, பிழை காட்டும். கொஞ்ச நாளில் அவர் புதுப்பிப்பதையே விட்டுவிடுவார். நீக்கும்போது ஓடும் நிரலும் பிழையானால், பொதியைக் கழற்றவும் முடியாது.

போஸ்ட்இன்ஸ்ட் இல்லாமலே பெரும்பாலான வேலை நடக்கும். எழுத்துருவை அதற்குரிய கோப்புறையில் வைத்தால் போதும், ஃபான்ட்கான்ஃபிக் பொதி தானே கவனித்துத் தற்காலிகப் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளும். பயனருக்குரிய அமைப்பை நிரல் முதல்முறை ஓடும்போது அதுவே எழுதட்டும்.

கட்டும்போது வலைத்தொடர்பு இருக்காது என்றோமே, அது எங்கள் பிடிவாதம் இல்லை. டெபியனின் முதன்மைக் களஞ்சியத்துக்கு அது விதி, ஃபிளாட்பேக் (வழங்கல் எதுவானாலும் தனி அடைப்புக்குள் ஓடும் பொதிமுறை) களஞ்சியமான ஃபிளாட்ஹப்பிலும் அப்படித்தான். இன்று வலையிலிருந்து இழுத்த லைப்ரரி நாளை அங்கே இல்லாமல் போகலாம், அல்லது வேறாக இருக்கலாம். சோதித்துப் பார்ப்பது எளிது: ஒரு கொள்கலனில் வெறும் டெபியன் 13 ஐ எடுங்கள், உங்கள் ஆவணத்தில் எழுதியிருக்கும் கட்டுச் சார்புகளை மட்டும் நிறுவுங்கள், வலையைத் துண்டியுங்கள், மூலநிரலைக் கட்டுங்கள். உங்கள் மடிக்கணினியில் எப்போதோ நிறுவி மறந்துபோன நான்கைந்து பொதிகள் அப்போது வெளிச்சத்துக்கு வரும். பிறகு, பொதியில் உள்ள பிழைகளைத் தேடும் லின்டியனை ஓட்டுங்கள். அது கத்துவதெல்லாம் திருத்த வேண்டியவை அல்ல, ஆனால் பிழை என்று குறித்தவற்றை விட்டுவிடாதீர்கள்.

மூலநிரலை எப்படி வெளியிடுவது? ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) ஒரு குறிச்சீட்டு, அதிலிருந்தே உருவாக்கிய ஒரு டார் கோப்பு (மூலநிரலை ஒன்றாகக் கட்டிய கோப்பு), அதற்கு உங்கள் கையொப்பம். வெளியிட்டபின் அதைத் தொடாதீர்கள். ஒரு சிறு எழுத்துப்பிழைதானே என்று அதே எண்ணில் கோப்பை மாற்றி வைத்தால், எங்கள் சரிபார்ப்புத் தொகை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு வைத்த எண்) பொருந்தாமல் கட்டு நின்றுவிடும். ஏற்கெனவே நிறுவியவர்களுக்கோ பதிப்பு எண் மாறாததால் திருத்தம் போய்ச் சேராது. 1.4.1 என்று வெளியிட என்ன செலவு? கிட்ஹப் தானாகத் தரும் டார் கோப்பை நம்பாதீர்கள். துணைக் களஞ்சியங்கள் அதில் வருவதில்லை. 2023 ஜனவரி 30 அன்று அவர்கள் சுருக்கும் முறையை மாற்றியபோது, அந்தக் கோப்புகளின் சரிபார்ப்புத் தொகைகள் மாறி உலகெங்கும் கட்டுகள் உடைந்தன. பிறகு மாற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

டார் கோப்பும் கிட்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் நாங்கள் இப்போது கறாராக இருப்பதற்குக் காரணம், எக்ஸ்இசட் சுருக்கக் கருவியில் பின்வாசல் செருகப்பட்ட விவகாரம். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் வெளிப்படுத்திய அந்தப் பின்வாசல், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இருந்தது. அதை இயக்கிவைக்கும் கட்டுநிரல் கிட்டில் இல்லை. வெளியீட்டு டார் கோப்பில் மட்டும் செருகப்பட்டிருந்தது.

பதிப்பு எண்ணில் ஒரு பொறி உண்டு. '2.0பீட்டா1' என்று எண்ணிட்டால், டெப் பொதிகளை நிறுவும் டிபிகேஜி அதை 2.0 ஐவிடப் பெரியதாகக் கருதும். பீட்டாவை நிறுவியவருக்கு 2.0 ஒருபோதும் வராது. நடுவில் அலைக்குறி சேர்த்து '2.0~பீட்டா1' என்றால் சரியாகும். ஃபெடோராவின் ஆர்பிஎம்மும் இதை ஏற்கிறது. ஆண்டு, மாதம் என்று 2023.05 போட்டுத் தொடங்கிவிட்டுப் பிறகு 1.0 க்கு இறங்க ஆசைப்படாதீர்கள். அதைச் சமாளிக்க நாங்கள் முன்னால் ஒட்டும் எண்ணை அதன்பின் எந்தக் காலத்திலும் கழற்ற முடியாது.

விசைப்பலகை எழுதுபவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. தமிழ்99 இல் ஒரு விசையை மாற்றுவதற்காக, எம்17என் (பன்மொழி விசைப்பலகை அமைப்புகளைத் தரும் திட்டம்) தரவுப் பொதியில் உள்ள அதே பெயர்க் கோப்பை உங்கள் டெப்பில் வைத்து அனுப்பாதீர்கள். இந்தக் கோப்பு வேறொரு பொதிக்குச் சொந்தம் என்று டிபிகேஜி தடுக்கும். வலுக்கட்டாயமாக நிறுவச் சொல்லிப் பயனருக்குக் கட்டளை கொடுத்தால், எம்17என் அடுத்து புதுப்பிக்கப்படும்போது மோதல் மறுபடி எழும். சோதனைக்கு, பயனரின் வீட்டுக் கோப்புறையில் எம்17என் தேடும் மறைவான கோப்புறையில் வேறு பெயரோடு வையுங்கள். மாற்றம் உறுதியானதும் எம்17என் திட்டத்துக்கே அனுப்புங்கள். அங்கே ஏற்கப்பட்டால் எல்லா வழங்கல்களுக்கும் தானே போகும், தனிப் பொதியே தேவையில்லை. பழைய திரைக்காட்சி முறையான எக்ஸ்11 இல் விசைகளைப் போலியாக அழுத்தும் முறையில் எழுதிய கருவிகளை இனி வளர்ப்பதில் பயனில்லை. டெபியனின் க்னோம் பணிமேடை 2019 இலிருந்தே புதிய முறையான வேலாண்டில்தான் தொடங்குகிறது. அங்கே ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் என்ற உள்ளீட்டுக் கட்டமைப்பு வழியாகத்தான் வர வேண்டும். ஃபிளாட்பேக்கும் இதற்கு உதவாது. அடைப்புக்குள் இருக்கும் செயலியால் வெளியே உள்ள ஐபஸுக்கு ஓர் உள்ளீட்டுப் பொறியைத் தர இயலாது. பெரிய வரைகலைச் செயலிகளுக்கு ஃபிளாட்பேக் நல்ல வழி, தயங்காமல் போங்கள்.

எழுத்துணரி எழுதுபவர்கள், படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் பொறியின் தரவுக் கோப்புறையை நிரலுக்குள் பொறிக்க வேண்டாம். உபுண்டு 22.04 இல் அந்தப் பாதையில் 4.00 என்று இருக்கும், டெபியன் 12 இல் 5. டெசராக்ட்டின் தமிழ்த் தரவுப் பொதியைச் சார்பாக அறிவித்துவிட்டு, இடத்தைக் கண்டுபிடிப்பதை டெசராக்ட்டிடமே விடுங்கள். எழுத்துரு, அகராதி போன்ற தரவுப் பொதிகளின் கட்டமைப்பை 'ஆல்' (எல்லா வகைக் கணினிக்கும்) என்று குறியுங்கள். பழக்கத்தில் ஏஎம்டி64 (இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கு மட்டும்) என்று போட்டதால் ராஸ்பெர்ரி பையில் நிறுவ முடியாமல் போகும் எழுத்துருக்கள் உண்டு.

மொழிபெயர்ப்புக் கோப்புக்கு இந்தியாவைக் குறிக்கும் பின்னொட்டு வேண்டாம். தமிழுக்குரிய இரண்டெழுத்துக் குறி மட்டும் போதும். இலங்கைத் தமிழ் அமைப்பில் உள்ள கணினி முதலில் இலங்கைக் கோப்பைத் தேடும், இல்லையென்றால் பொதுத் தமிழுக்கு வரும். இந்தியக் கோப்பை அது பார்க்காது; யாழ்ப்பாணத்துப் பயனர் ஆங்கிலத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக: உரிமக் கோப்பு இல்லாத நிரலை நாங்கள் தொடவே முடியாது. 'வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்' என்றிருந்தால் டெபியனின் முதன்மைக் களஞ்சியத்தில் இடமில்லை. சொற்பட்டியல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று அதன் அருகிலேயே எழுதிவையுங்கள்.

காலம் பார்த்தும் வெளியிட வேண்டியிருக்கிறது. டெபியன் 13 வெளியானது 2025 ஆகஸ்ட் 9. ஆனால் ஏப்ரல் 15 அன்றே மென்முடக்கம் தொடங்கிவிட்டது. அதன்பின் புதிய பொதி எதுவும் உள்ளே வராது, சிறு திருத்தங்கள் மட்டும்தான். மே மாதம் வந்த உங்கள் பெரிய வெளியீடு, நிலைப்பதிப்பில் இருப்பவருக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்துத்தான் கிடைக்கும். புதிய பதிப்புகளை நிலைப்பதிப்புக்கும் தரும் பேக்போர்ட்ஸ் என்ற வழி உண்டு. அதைத் தேடிப் போகும் பயனர்கள் குறைவு.

இவ்வளவுக்கும் பிறகு சொந்தக் களஞ்சியம்தான் வேண்டும் என்றால், லாஞ்ச்பேட் அல்லது ஓப்பன் பில்ட் சர்வீஸில் வையுங்கள். ஒவ்வொரு மேடைக்கும் தனித்தனியாக அவர்களே கட்டித் தருவார்கள். சொந்த வழங்கியில் வைத்தால், கையொப்பத்தைச் சரிபார்க்கும் திறவுகோலைத் தனிக் கோப்பாக வைத்து உங்கள் களஞ்சியத்துக்கு மட்டும் அதைப் பிணையுங்கள். திறவுகோலைச் சேர்க்கும் பழைய ஆப்ட்-கீ கட்டளை டெபியன் 13 இல் இல்லை. கையொப்பமே பார்க்காதே என்று சொல்லும் 'டிரஸ்டட்' தெரிவைப் பயனரிடம் ஒட்டச் சொல்லவே கூடாது. அந்தத் தளப் பெயரை நீங்கள் புதுப்பிக்க மறந்து வேறொருவர் வாங்கினால், ரூட் உரிமையோடு நிறுவும் வழி அவர் கைக்குப் போய்விடும். திட்டத்தை நிறுத்துவதாக இருந்தால், களஞ்சிய முகவரிக் கோப்பைப் பயனரின் கணினியிலிருந்து நீக்கும் ஒரு கடைசிப் பதிப்பை வெளியிடுங்கள். அது பரவ ஓராண்டாவது விட்டு, பிறகு வழங்கியை அணையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கருவிகளுக்குப் பொதி கட்டுபவர்கள்