கதவில் என்ன தெரிகிறது பார்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய 11 படங்களும் வந்து சேர்ந்தன. முதல் நாள் முழுக்க நாங்கள் காரைத்தான் பார்த்தோம், படத்தைப் பார்க்கவில்லை. உன் சம்பாத்தியத்தில் நீ வாங்கிய முதல் வண்டி. உன் அம்மா ஒவ்வொரு படத்தையும் விரலால் இழுத்துப் பெரிதாக்கி, சீட்டின் தையல் வரைக்கும் பார்த்துவிட்டாள். மறுநாள் சாவகாசமாக உட்கார்ந்த பிறகுதான் படங்களைப் படங்களாகப் பார்த்தேன்.

"நேரில் இருக்கிற அழகு படத்தில் வரமாட்டேங்குது, நல்ல கேமரா ஒன்று வாங்கட்டுமா அப்பா?" என்று கேட்டிருந்தாய். வேண்டாம் அம்மா. உன்னிடம் இருக்கிற சின்னக் கேமராவே இதற்குப் போதும். போன் கேமராவும் போதும். குறை அங்கே இல்லை.

நான்காவது படத்தை எடுத்து வைத்துக்கொண்டு மேலே படி. பின்கதவில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. அதைப் பார்த்து அம்மா, "அதுக்குள்ள கீறல் விழுந்துடுச்சா?" என்று பதறிவிட்டாள். கீறல் இல்லை, எதிரே இருக்கும் மதில்சுவரின் மேல்விளிம்பு அது. கோட்டுக்குக் கீழே நீ நிற்கிறாய், முழங்கை இரண்டும் விரிந்து, முகத்துக்கு நேரே கேமரா. உன் காலடியில் தண்ணீர்க் குழாய் சுருண்டு கிடக்கிறது.

காரின் வண்ணத்துக்கு மேலே நிறமில்லாத பளபளப்புப் பூச்சு ஒன்று இருக்கும். உன் வண்டியோ அடர்நீலம். அடர்ந்த நிறத்தில் அந்தப் பூச்சு கண்ணாடியேதான், வளைந்து வளைந்து போகிற நாலு மீட்டர் நீளக் கண்ணாடி. அதற்கு எதிரே என்ன நிற்கிறதோ அது படத்தில் விழும். நேரில் பார்க்கும்போது நம் மனசு அந்தப் பிம்பங்களை ஒதுக்கிவிட்டுக் காரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கேமராவுக்கு ஒதுக்கத் தெரியாது. நேரில் இருந்த அழகு படத்தில் காணாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

விளம்பரப் படங்களில் காரின் தோளோடு ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டுநூல் மாதிரி ஓடுமே, கவனித்திருப்பாய். ஸ்டூடியோவில் காரை விடப் பெரிய வெள்ளைப் பலகையைத் தலைக்கு மேலே தொங்கவிட்டு, அதன் பிம்பத்தைக் காரின் மேல் விழவைக்கிறார்கள். அந்தக் கோடு அதுதான். நமக்கு அந்தப் பலகை வானம். சூரியன் மறைந்த பிறகு வரும் 20 நிமிடம் இருக்கிறதே, அப்போது வானம் முழுவதும் ஒரு பெரிய மென்மையான விளக்காகிவிடும். மேலே பளிச்சென்று புள்ளி விழாது, வண்டிக்குக் கீழே கன்னங்கரேல் என்று நிழலும் விழாது. மேகமூட்டமான நாளில் இதே வெளிச்சம் பகல் முழுக்கக் கிடைக்கும். மழைநாள் என்று வீட்டுக்குள் உட்கார்ந்துவிடாதே. நீ எடுத்தது உச்சி வெயிலில். பானெட்டின் மேல் வெள்ளையாகக் கண் கூசுகிறது, டயர் இருக்கும் இடமே தெரியவில்லை.

ஆகையால் முதல் வேலை, இடம் தேடுவது. எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிற இடம் வேண்டும். நிறுத்தியிருக்கும் வேறு வண்டிகள், கம்பம், பெயர்ப்பலகை எதுவும் இருக்கக் கூடாது. திறந்த மைதானம், அல்லது ஆளில்லாத நேரத்தில் ஒரு பெரிய வாகன நிறுத்துமிடம். பின்னணியை எல்லோரும் பார்ப்பார்கள், உன் முதுகுக்குப் பின்னால் இருப்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கதவில் தெரியப்போவது அதுதான். வெளிச்சம் மிச்சமிருக்கும் வானம் உன் முதுகுப் பக்கம் இருக்கும்படி வண்டியை நிறுத்து. பட்டனை அழுத்தும் முன் காரை மறந்துவிட்டுப் பிம்பத்தை மட்டும் பார். ஒரு அடி நகர்ந்தால் பிம்பமும் நகரும். கேமராவைத் தாழ்த்தினால் அந்த மதில்கோடு கதவில் கீழிறங்கிப் போவதை நீயே பார்க்கலாம். உன் உருவம் விழுவதைத் தவிர்க்க முடியாவிட்டால் கறுப்புச் சட்டை போட்டுக்கொள். இல்லையென்றால் கேமராவை முக்காலியில் வைத்து, 10 விநாடி டைமரைத் தட்டிவிட்டுத் தள்ளிப் போய்விடு.

இதை எழுதும்போது நம் பழைய வண்டியின் படம் ஞாபகம் வந்து, எழுந்துபோய் எடுத்து வந்தேன். ஃபிலிம் காலம். ஒரு ரோலில் 36 படம், கழுவி வரும்வரை என்ன விழுந்தது என்றே தெரியாது. அந்த வண்டியை விற்பதற்கு முந்தின நாள் எடுத்தது. முன்கதவில் நான் குனிந்து நிற்கிறேன், என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நீ. உனக்கு அப்போது நாலு வயது. காரைச் சரியாக எடுக்கவில்லையே என்று அன்றைக்கு வருத்தப்பட்டேன். இன்றைக்கு அந்தப் படத்தை யார் கேட்டாலும் தரமாட்டேன். ஆக, பிம்பமே கூடாது என்று நான் சொல்லவில்லை. எது விழுகிறது என்று தெரிந்தே விழவிடு, அவ்வளவுதான்.

சரி, அடுத்தது தூரம். உன் முதல் இரண்டு படத்திலும் காரின் மூக்கு வீங்கி, பின்பக்கம் சுருங்கிப் போயிருக்கிறது. கிட்டே நின்று எடுத்ததால் வந்தது. கணக்குப் போட்டுப் பார். முன்பம்பரிலிருந்து 2 மீட்டரில் நீ நின்றால், காரின் வால் உன்னிடமிருந்து 6 மீட்டரில் இருக்கும். முன்பக்கம் பின்பக்கத்தைவிட 3 மடங்கு பெரிதாக விழும். 10 மீட்டர் தள்ளிப் போனால் வால் 14 மீட்டரில். வித்தியாசம் ஒன்றரை மடங்குகூட இல்லை. கார் அதன் அளவோடு, அதன் வடிவத்தோடு நிற்கும். அதனால் பின்னால் நட, நடந்த பிறகு ஜூமை இழு. போன் என்றால் 2 மடங்கு ஜூமில் வைத்துக்கொள். பெரும்பாலான போன்களில் சாதாரணக் கேமரா அகலமாகப் பார்க்கும்படிதான் செய்திருக்கிறார்கள், கார் எடுக்க அது ஒத்துவராது. தள்ளி நின்றால் இன்னொரு லாபமும் உண்டு. பின்னணியில் குறைவான இடமே படத்துக்குள் வரும், வேண்டாததை ஒதுக்குவது சுலபம். காரின் கூரையிலிருந்து கம்பமோ மரமோ முளைத்த மாதிரி நிற்கிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள். உன் ஏழாவது படத்தில் ஒரு கம்பம் முளைத்திருக்கிறது.

உயரத்தையும் மாற்று. நின்ற வாக்கில் எடுத்த படம், தெருவில் போகிற எவரும் பார்க்கும் கார். முழங்கால் போட்டு உட்கார்ந்து, கேமராவை ஹெட்லைட் மட்டத்துக்குக் கொண்டு வா. அதே கார் நிமிர்ந்து உட்காரும். முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் சேர்ந்து தெரிகிற கோணத்தில் ஆரம்பிக்கலாம். அந்தக் கோணத்தில் முன்சக்கரம் முக்கியம். டயர் தரையில் படும் பக்கம் கேமராவைப் பார்க்கக் கூடாது, வீலின் முகம் பார்க்க வேண்டும். நீ காரின் இடதுபக்க முன்மூலையில் நிற்கிறாய் என்றால், ஸ்டீயரிங்கை வலதுபக்கம் கொஞ்சம் ஒடித்து வை. வலதுபக்கம் நின்றால் இடதுபக்கம். இது ஒன்றைச் செய்தாலே படத்துக்கு வேறு களை வந்துவிடும்.

இனி கேமராவின் குணத்தைச் சொல்கிறேன். அதற்கு உன் வண்டி அடர்நீலம் என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரமான சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கறுத்த கார் படத்தை நிறைத்தால், இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தை ஏற்றிவிடும், உன் நீலம் வெளுத்துப் போகும். வெள்ளைக் காரை எடுத்தால் இதற்கு நேரெதிர், அழுக்குச் சாம்பலாக விழும். கேமராவில் கூட்டல் கழித்தல் போட்ட எக்ஸ்போஷர் பட்டன் இருக்கிறதல்லவா, அதில் உன் வண்டிக்குக் கழித்தல் பக்கம் அரையிலிருந்து ஒன்று வரை வை. போனில், காரைத் தொட்டு ஃபோகஸ் செய்துவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழு. நிறத்துக்கான ஒயிட் பேலன்சை ஆட்டோவில் விடாமல் பகல்வெளிச்சத்தில் வைத்துக்கொள். இல்லையென்றால் சாயங்காலத்தின் மஞ்சளைக் கேமரா தவறு என்று நினைத்துத் திருத்திவிடும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 100-ல் வை. அந்தி வேளையில் 100 வைத்தால் வெளிச்சத்தை உள்ளே விடும் ஷட்டர் அரை விநாடி, ஒரு விநாடி என்று திறந்திருக்கும், கையில் பிடித்தால் கலங்கிப்போகும். முக்காலி வேண்டும், 2 விநாடி டைமரும் வேண்டும், விரல் அழுத்துகிற ஆட்டம்கூடப் படத்தில் வராமல் இருக்க. முக்காலி இல்லையா, ஒரு ஸ்டூலும் அரிசி அடைத்த துணிப்பையும் போதும். பையின் மேல் கேமராவை அமுக்கி உட்காரவை. அந்த நேரத்தில் ஹெட்லைட்டைப் போடாதே, வெள்ளைக் குண்டாக வெடித்துவிடும். பார்க்கிங் விளக்கு மட்டும் எரியட்டும்.

முன்கண்ணாடியில் வானம் பிரதிபலித்து உள்ளே எதுவும் தெரியாமல் போகிறதே, அதற்குப் போலரைசர் என்று ஒரு ஃபில்டர் உண்டு. உன் சின்னக் கேமராவில் ஃபில்டர் மாட்ட வசதி இருக்காது. ஆனால் உன் கூலிங் கிளாஸ் போலரைஸ்டு வகை என்றால் அதுவே வேலை செய்யும். லென்சுக்கு முன்னால் ஒட்டினாற்போல் பிடித்து, மெதுவாகத் திருப்பு. ஒரு இடத்தில் கண்ணாடிமேல் இருந்த வானம் சட்டென்று விலகி, உள்ளே ஸ்டீயரிங் தெரியும். முதல்முறை பார்க்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெயின்ட்டிலும் கண்ணாடியிலும் மினுக்கம் குறையும், குரோம் பட்டையில் குறையாது, உலோகத்தின் பிரதிபலிப்புக்கு இது செல்லாது. பக்கக் கண்ணாடியில் புள்ளிப் புள்ளியாக ஏதாவது தெரிந்தால் பயப்படாதே, கண்ணாடியைச் சூடாக்கிக் குளிரவைத்து உறுதியாக்கியபோது ஏற்பட்ட இறுக்கத்தின் தடம் அது. ஒன்று மட்டும் கவனி, மினுக்கம் முழுவதையும் எடுத்துவிட்டால் கார் உயிரில்லாமல் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். பாதியில் நிறுத்து.

வண்டியைக் கழுவிவிட்டு நன்றாகத் துடைத்த பிறகே எடு. காய்ந்த நீர்த்துளியின் தடம் நேரில் தெரியாது, படத்தில் தெரியும். டேஷ்போர்டில் கிடக்கும் ரசீது, துணி எல்லாவற்றையும் எடுத்துவிடு. அப்புறம் லென்சையும் ஒரு துணியால் துடை. போன் லென்சில் எப்போதும் விரல் எண்ணெய் இருக்கும், விளக்கைச் சுற்றிப் புகை படிந்த மாதிரி வருவது அதனால். உள்பக்கம் எடுக்க வெயில் ஆகாது. நிழலில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து அங்கிருந்து முன்பக்கம் பார்த்து எடு.

ஓடுகிற வண்டியை எடுக்க ஆசை என்று எழுதியிருந்தாய். அதற்கு வேறொருவர் ஓட்ட வேண்டும், நீ சாலைக்கு வெளியே தள்ளி நிற்க வேண்டும், வேறு வண்டி வராத இடமாக இருக்க வேண்டும். இது மூன்றும் இருந்தால் மட்டும் செய். வேகம் 40 கிலோமீட்டர் போதும். ஷட்டரை 1/60 விநாடியில் வைத்து, வண்டியோடு இடுப்பைத் திருப்பிக்கொண்டே அழுத்து, அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தாதே. கார் நிற்கும், பின்னணி ஓடும். இருபதில் ஒன்று சரியாக வரும், அதுவே நல்ல கணக்கு.

வெளியில் யாருக்காவது படத்தைக் காட்டுவதாக இருந்தால் நம்பர் பிளேட்டை மறைத்துவிடு. போன் படத்தில் எடுத்த இடத்தின் விவரமும் உள்ளே பதிந்திருக்கும், அதையும் நீக்கிவிட்டுக் கொடு. எங்களுக்கு அனுப்பும்போது ஒன்றும் மறைக்க வேண்டாம். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுகிறது, டாக்குமென்ட்டாக அனுப்பு. அம்மா மறுபடியும் விரலால் இழுத்துப் பார்ப்பாள்.

அப்புறம், டைமர் வைத்து ஒரு படத்தில் நீயும் நில். பிம்பமாக இல்லை, காருக்குப் பக்கத்தில்.

அன்புடன்,
அப்பா